27,000 ஆசிரியர்களும் ஒரு பனிப்பந்தும்

இந்தியாவில் ஆங்கில ஆசிரியர் பயிற்சியின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் பிறந்தநாள் பட்டியலாகவே எழுதப்படுகிறது. 1956இல் அலகாபாத்தில் ஆங்கில மொழி கற்பித்தல் நிறுவனம். 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம். 1963இல் பெங்களூரில் தென்னிந்தியாவுக்கான வட்டார ஆங்கில நிறுவனம். பட்டியலில் பிழையில்லை. ஆனால் வகுப்பறையில் நின்ற ஆசிரியரை அதில் தேடினால், அவர் ஓர் எண்ணிக்கையாக மட்டுமே அகப்படுகிறார்.

அவ்வெண்ணிக்கைகளுள் மிகவும் புகழ்பெற்றது 27,000. சென்னை மாநிலத்தில் ஆங்கிலத்தைப் புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்குக் கற்பித்த அத்தனை ஆசிரியர்களுக்கும் மறுபயிற்சி அளிக்க 1950களின் இறுதியில் ஒரு பேரியக்கம் திட்டமிடப்பட்டது. டி. ஏ. ஸ்மித் 1962இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அந்த எண் இருக்கிறது. கூடவே 'பனிப்பந்து' என்ற உருவகமும் இருக்கிறது. உதகையின் உறைபனியைத் தவிரப் பனி என்பதையே காணாத ஒரு மாநிலத்தின் திட்டத்துக்கு இப்பெயர் வாய்த்தது வேடிக்கைதான். முதலில் ஒரு சிறு குழு பயிற்சி பெறும். அது அடுத்த குழுவைப் பயிற்றும். அக்குழு மாவட்டந்தோறும் சென்று ஆசிரியர்களைச் சேரும். பந்து உருள உருளப் பருக்கும் என்பது எதிர்பார்ப்பு.

உருட்டப்பட்ட சரக்கு அமைப்பு முறை எனப்பட்டது. வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடினம் நோக்கி வரிசைப்படுத்தி, பொருளைக் கையில் எடுத்துக் காட்டியும் செயலைச் செய்து காட்டியும் வாய்மொழியாகப் பயிற்றுவதே அதன் சாரம். இதை எளிதில் இகழ்ந்துவிடக் கூடாது. உருப்போட்டு ஒப்பித்தலும் இலக்கண விதியை மனனம் செய்தலுமே ஆங்கில வகுப்பு என்றிருந்த நிலையில், பிள்ளை வாய்திறந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே பெரிய மாற்றம். இடர்ப்பாடு முறையில் இருந்ததைக் காட்டிலும் அது பயணப்பட்ட வழியில்தான் மிகுதியாக இருந்தது. கைமாறும்போதெல்லாம் முறையின் பின்னிருந்த காரணங்கள் உதிர்ந்து, செய்முறைகள் மட்டும் எஞ்சுவது இத்தகைய பயிற்சியின் இயல்பு. 'ஏன்' முதல் படியிலேயே தங்கிவிட, 'எப்படி' மட்டும் கடைசிப் படிக்கு வந்து சேரும். கீழ்ப்படியில் இருப்பவர் ஐயம் எழுப்பினால், மேலே திருப்பி அனுப்ப வழி கிடையாது. பந்து ஒரே திசையில்தான் உருளும்.

இவ்வரலாற்றின் அடுத்த பெரிய நிகழ்வு இதற்கு நேர் எதிரானது என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டம் அது. மொழிக்கூறுகளை வரிசைப்படுத்தும் பாடத்திட்டத்தையே அது கைவிட்டது. தொடர்வண்டி அட்டவணையைப் படித்து வினாக்களுக்கு விடை காணுதல், வரைபடத்தில் வழி கண்டறிதல் போன்ற பணிகளே பாடமாயின. முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் உரையாடி ஒரு பணியைச் செய்து காட்டுவார். பிறகு அதை ஒத்த இன்னொன்றை ஒவ்வொரு மாணவரும் தாமே செய்வார். மாணவரின் கவனம் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தானாக உருவாகும் என்பது கருதுகோள். பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் சோதிக்கப்பட்ட இம்முயற்சி உலகெங்கும் பணிவழிக் கற்பித்தலின் முன்னோடியாகப் படிக்கப்படுகிறது. நம் வகுப்பறைகளிலிருந்து உலக ஆய்வுலகுக்குச் சென்ற கருத்துகள் சிலவே. இது அவற்றுள் ஒன்று.

ஆயினும் இத்திட்டத்தை மதிப்பிட்ட ஆலன் பெரெட்டா 1990இல் சுட்டியது நம் கவனத்துக்குரியது. திட்டத்தைத் தொடக்கம் முதல் வளர்த்தவர்கள் அதை உள்வாங்கியிருந்த அளவுக்கு, இடையில் வந்து சேர்ந்த வழக்கமான பள்ளி ஆசிரியர்கள் உள்வாங்கவில்லை. அமைப்பு முறைக்கு நேர்ந்ததே அதை மறுத்து எழுந்த முறைக்கும் நேர்ந்தது. தாம் பங்கேற்றுச் சிந்திக்காத ஒரு கருத்தை, அது எத்துணைச் சிறந்ததாயினும், ஆசிரியர் தம் வகுப்பில் உயிருடன் வைத்திருக்க முடிவதில்லை. பிரபுவும் அதே 1990இல் வெளியிட்ட கட்டுரையில், சிறந்த முறை என ஒன்று இல்லை என்ற முடிவுக்கு வந்தார். 'இவ்வாறு செய்தால் கற்றல் நிகழும்' என்று ஆசிரியருக்குள் ஊறிநிற்கும் நம்பகவுணர்வே முதன்மையானது என்பது அவர் வாதம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் புதிய ஆங்கிலப் பாடத்திட்டத்தை 1993 முதல் 1997 வரை ஆராய்ந்த ரமா மாத்யூ குழுவினர், ஆசிரியர்களையே ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொண்டதையும் இந்த வழியில் வைத்தே காண வேண்டும்.

தொழில்முறைச் சங்கங்களின் இடம் இங்கேதான் வருகிறது. 1966இலும் 1967இலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆங்கில ஆசிரியர்களின் பன்னாட்டுச் சங்கங்கள் தோன்றின. 1974இல் கல்வியாளர் எஸ். நடராஜன் சென்னையில் இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கத்தைப் பதிவு செய்தார். பயிற்சி நிறுவனத்துக்கு ஆசிரியர் அனுப்பப்படுகிறார். சங்கத்துக்கோ அவரே சந்தா கட்டிச் சேர்கிறார். கேட்பவராக இருந்தவர் கட்டுரை வாசிப்பவராகலாம், இதழில் எழுதலாம், பொறுப்புக்கு வரலாம். அரசாணை தராத ஓர் உரிமை இது.

ஆனால் இவ்வுரிமை யாருக்குக் கிட்டியது? மாநாட்டு மேடைகளில் கல்லூரி ஆசிரியர்களின் குரலே ஓங்கி ஒலிக்கிறது என்பது என் கணிப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் பதவி உயர்வுக்கு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்து, கருத்தரங்கக் கட்டுரைக்கும் புள்ளி வழங்கின. கட்டுரைகள் பெருகின, விவாத நேரம் சுருங்கியது. தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு அப்புள்ளிகளும் பயன்படுவதில்லை, பணிவிடுப்பும் எளிதில் கிடைப்பதில்லை. அந்த 27,000 பேரின் வழித்தோன்றல்கள் இன்றும் மண்டபத்துக்கு வெளியேதான் நிற்கின்றனர்.

விதிவிலக்காக ஒன்றைச் சற்று நின்று பார்க்கலாம். மகாராட்டிரத்தின் பண்டாராப் பகுதியில் ஆங்கில ஆசிரியர்கள் தாமே கூடிச் சிறு மன்றங்களை அமைத்தனர். அமோல் பட்வாட், கிருஷ்ணா தீட்சித் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, மன்ற உறுப்பினர்களும் உறுப்பினரல்லாதாரும் வகுப்பறைச் சிக்கல்களைப் பற்றி எவ்வாறு எண்ணுகின்றனர் என்பதை ஒப்பிட்டது. உறுப்பினர்கள் சிக்கலைத் தம்மால் கையாளக்கூடியதாகக் கண்டனர். எவரும் அவர்களுக்குப் புதிய முறை எதையும் உருட்டிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்றைய நிலைக்கு வருவோம். 2019இல் தொடங்கிய நிஷ்டா திட்டத்தின் இலக்கு ஏறத்தாழ 42 லட்சம் ஆசிரியர்கள். அதன் தொடக்க வடிவமும் கருத்தாளர் வழியாகக் கீழிறங்கும் அடுக்குமுறைதான். 27,000 என்ற எண் பருத்திருக்கிறது, பந்து பழையதே. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணிநேரம் தொழில்வளர்ச்சியில் ஈடுபட வேண்டும் என்கிறது. அது ஆசிரியரின் சொந்த ஆர்வத்தால் இயக்கப்பட வேண்டும் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. நடைமுறையில் மணிக்கணக்கு பதிவேட்டில் ஏறிவிடும். ஆர்வத்தைப் பதிய அதில் கட்டம் இருக்காது. பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு அமர்ந்து ஒரு பாடத்தைப் பற்றி வாதிட்ட இரண்டு மணிநேரம் அந்த ஐம்பதில் சேருமா என்பதே நான் கல்வித்துறையினரிடம் கேட்க விரும்பும் கேள்வி.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1960இல் இருபது வயதில் அப்பயிற்சியில் அமர்ந்தவருக்கு இன்று எண்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். உங்கள் தாத்தாவோ பாட்டியோ அக்காலத்தில் ஆசிரியராக இருந்திருந்தால், பரணில் கிடக்கும் பயிற்சிக் குறிப்பேடுகளையும் பாடக்குறிப்புகளையும் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எதை ஏற்றார்கள், எதை ஓரங்கட்டினார்கள், ஓரக்குறிப்பில் என்ன முணுமுணுத்தார்கள் என்பதை அறிய அவற்றைவிட நேரடியான சான்று இல்லை. அப்படி ஏதேனும் கையில் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். படியெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.