காசு கொடுத்து வாங்கிய பாரதம்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "என்ஜினீயர் சார், இந்தத் தடவை கம்ப்யூட்டர், வேலைவாய்ப்பு எல்லாம் வேண்டாம். நம்ம ஊரைப் பற்றி ஏதாவது எழுதுங்க" என்றார். நல்லதாகப் போயிற்று. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை எழுதிவிடுகிறேன். நம் மாவட்டத்துக் கூத்து ஜமாக்கள் தங்கள் கதையை எங்கிருந்து பெற்றன என்பதுதான் அது.

செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசிக்காரர்களுக்குக் கூத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தெற்கேயிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த நண்பர்களுக்காக இரண்டு வரி. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். ராத்திரி அதே கதையைக் கூத்தாக ஆடுவார்கள். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று நாளுக்கு ஒன்று. கடைசியில் பதினெட்டாம் போர். விடிந்தால் மண்ணில் படுத்த துரியோதனன், படுகளம், தீமிதி. முன்பின் வராதவன் பார்த்தால் ஊரே பாரதத்துக்குள் குடியேறிவிட்டது என்றுதான் நினைப்பான்.

இத்தனை ராத்திரிக்கும் விருத்தம், தரு, வசனம் எல்லாம் வேண்டுமே! பெரும்பகுதி வாத்தியார் வாயிலிருந்து வந்தது. கொஞ்சம் கையெழுத்து நோட்டில் இருந்தது. மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. கடையில் காசு கொடுத்துப் புத்தகம் வாங்குவது.

இந்தியர்கள் தடையில்லாமல் அச்சுக்கூடம் நடத்த வழி பிறந்தது 1835-ல். அதற்குப் பிறகு சென்னையில் பெரிய புலவர்களின் ஏடுகள் மட்டும் அச்சேறவில்லை. கூத்தும் கதைப்பாட்டும் சிந்தும் மலிவுக் காகிதத்தில் வந்து குவிந்தன. குஜிலிக் கடைத் தெருவில் விற்றதால் குஜிலி நூல் என்றே பெயர். ஆ. இரா. வேங்கடாசலபதி 2004-ல் வெளியிட்ட 'முச்சந்தி இலக்கியம்' இந்த உலகத்தைப் பற்றியதுதான். மாணவத் தம்பி தங்கைகள் தேடிப் படியுங்கள். கொண்டித்தோப்பு பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் வெளியிட்ட 'பெரிய எழுத்து'ப் புத்தகங்களைப் பெரியவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். நல்லதங்காள், விக்கிரமாதித்தன், தேசிங்கு ராஜன் எல்லாம் அந்த எழுத்தில்தான் வீடுகளுக்கு வந்தார்கள். சிம்னி விளக்கு வெளிச்சத்திலும் படிக்கலாம். நான் படித்த காலத்தில்கூடத் தீபத்துக்குத் தேரடி வீதியில் தரையில் சாக்கு விரித்து இவற்றை விற்றார்கள்.

ஆசிரியர் பெயர் விஷயம் தனி வேடிக்கை. நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவர் தலையில் அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை என்று எத்தனையோ கதைகளைக் கட்டிவிட்டார்கள். அறிஞர்கள் யாரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அட்டையில் பெரிய பெயர் இருந்தால் சரக்கு நகரும் என்பது பதிப்பாளருக்குத் தெரிந்திருக்கிறது. கர்ணன் நாடகமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஹன்னே டி புருயின் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1998-ல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டது.

சரி, புத்தகத்தை வாங்கிய வாத்தியார் என்ன செய்வார்? அப்படியே ஆட முடியாது. ஜமாவில் யாருக்குக் குரல் இருக்கிறது, யாருக்கு அடவு வரும் என்று பார்த்து வேஷம் பிரிக்க வேண்டும். நீளமான தருவை வெட்ட வேண்டும். ஊர்ப் பெரியவர் "அந்தக் கட்டம் வேணும்" என்றால் சேர்க்க வேண்டும். கட்டியக்காரன் அடிக்கும் நக்கலில் பாதிக்கு மேல் அந்த ஊருக்கு, அந்த ராத்திரிக்கு மட்டும் சொந்தம். அதை எந்த அச்சுக்கூடமும் முன்கூட்டிப் போட முடியாது. புத்தகம் கொடுப்பது எலும்புக்கூடு. ரத்தம், சதை எல்லாம் ஜமாவின் பொறுப்பு.

இதை நான் யோசிக்க ஆரம்பித்ததே பெங்களூரில்தான். ஆபீஸ் நண்பர்கள் சனிக்கிழமை ராத்திரி 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுவார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் ஏற்றுப் பேசி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம். நடுவில் ஒருவர் கதையை நடத்துவார், நம்ம வாத்தியார் மாதிரி. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974-ல் வெளியிட்டது. கதை நடத்துபவருக்கு நேரம் இல்லையென்றால் எழுதி அச்சிட்ட சாகசக் கதையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். 1976-ல் ஒரு சின்னக் கம்பெனி அப்படி ஒரு கதையைத் தனியாக விற்றது. 1978 முதல் ஆட்டத்தை வெளியிட்ட டி.எஸ்.ஆர். கம்பெனியே விற்க ஆரம்பித்தது.

எனக்கு ஆச்சரியம் தந்தது இரண்டு விஷயம். முதலாவது, அந்த ஆரம்பகாலக் கதைகளில் பல, மாநாட்டுப் போட்டிகளில் ஆடப்பட்டு, பிறகு அச்சானவை. நம்ம கூத்துப் பாட்டும் களத்தில் ஆடியது அச்சுக்குப் போய், அச்சிலிருந்து திரும்பக் களத்துக்கு வந்ததுதானே! இரண்டாவது, 1978-ல் மைக் கார் என்பவர் எழுதிய கதைப் புத்தகத்தில் எந்த அறையில் எந்தப் பூதம், எந்தப் புதையல் என்பதற்குக் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார்கள். வாங்கியவர் நிரப்பிக்கொள்ள வேண்டும். அவர்கள் அச்சிலேயே கோடு போட்டுக் காலியிடம் விட்டார்கள். நம்மவர்கள் கோடு போடாமலே கட்டியக்காரனிடம் விட்டுவிட்டார்கள்.

"விலைக்கு வாங்கின கதையில் என்ன பெருமை? சொந்தமாகச் செய்ய வேண்டாமா?" என்று பெங்களூர் மேஜையில் ஒரு சர்ச்சை அடிக்கடி வரும். கூத்தைப் பற்றியும் இதே பேச்சு உண்டு. அச்சுப் புத்தகம் பிழை மலிந்தது, பரம்பரைப் பாடம்தான் அசல் என்பார்கள். பரம்பரையின் அருமையை நான் குறைக்கவில்லை. செய்யாறு பக்கம் புரிசையில் தம்பிரான்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த கூத்து இல்லையென்றால், 1977-ல் கூத்துப்பட்டறை தொடங்கிய ந. முத்துசாமிக்கு அந்தத் தூண்டுதல் கிடைத்திருக்காது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் பெயர் நம் மாவட்டத்துக்கே கௌரவம்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பாடம் ஒரு குடும்பத்து நோட்டில் மட்டும் இருந்தால், அந்தக் குடும்பத்தில் பிறக்காதவன் என்ன செய்வான்? வாத்தியார் மனம் வைத்தால்தான் உண்டு. சாக்குக்கடைப் புத்தகம் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. காசு கொடுத்தவனுக்குக் கர்ணன் கிடைப்பான். ஆடத் தெரியுமா என்பது வேறு கதை. அடவும் இராகமும் அச்சில் வராது, அதற்கு வாத்தியார் காலில்தான் விழ வேண்டும். இருந்தாலும் கையில் பாடத்தோடு போகிறவனுக்கும் வெறுங்கையோடு போகிறவனுக்கும் வித்தியாசம் இருக்கிறதா, இல்லையா?

ஆராய்ச்சியாளர்கள் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். செஞ்சி வட்டாரத் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-ல் பெரிய நூல் எழுதிய ஆல்ஃப் ஹில்டெபைட்டல் இந்த மலிவுப் பதிப்புகளையும் ஆதாரமாக எடுத்துப் படித்தார். அச்சான நூல்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1867-ல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டது நம்மைக் கண்காணிக்கத்தான். அதன் புண்ணியத்தில் இப்படிப்பட்ட தமிழ்ப் புத்தகங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நம்ம ஊர்ப் பரணில் கரையான் தின்கிறது. சென்னையில் 1994-ல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் ஒரு நல்ல தொகுப்பைப் பார்க்கலாம். தரமணிப் பக்கம் வேலை பார்க்கும் நண்பர்கள் ஒரு மத்தியானம் போய் வாருங்கள்.

தாத்தா வீட்டில் பழைய கூத்துப் புத்தகமோ நோட்டோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஓரத்தில் பென்சிலால் வெட்டியும் சேர்த்தும் எழுதியிருந்தால் ரொம்ப விசேஷம். அதுதான் அந்த ஜமா ஆடிய கூத்து. போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வைத்தாலே போதும்.

என்னிடம் இருக்கும் பதினெட்டாம் போர் நாடகப் பிரதியில் கடைசி எட்டுப் பக்கம் இல்லை. யாரிடமாவது இருந்தால் சங்க முகவரிக்கு ஒரு ஜெராக்ஸ் அனுப்பி வையுங்கள். துரியோதனன் சாகிறான் என்பது தெரியும். எந்த இராகத்தில் என்பதுதான் தெரியவில்லை.