கொரியா, சார்லஸ் (1930–2015)

சார்லஸ் மார்க் கொரியா விடுதலைக்குப் பிந்தைய இந்தியக் கட்டடக் கலையின் முதன்மையான ஆளுமைகளுள் ஒருவர். நகரமைப்பாளர், கட்டுரையாளர், குறும்பட இயக்குநர், பொம்மை ரயில் பிரியர் எனப் பல முகங்கள் அவருக்கு உண்டு. அந்தமானின் போர்ட் பிளேரில் மலைச்சரிவில் அமைந்த ‘பே ஐலண்ட்’ விடுதி அவருடைய குறிப்பிடத்தக்க படைப்புகளுள் ஒன்று. அவருடைய கலை முழுவதையும் இணைக்கும் சரடு நடை: மனிதர் ஓர் இடத்துக்குள் எப்படி நுழைவார், எங்கே நிற்பார், எப்போது வானத்தைப் பார்ப்பார் என்பதையே அவர் வாழ்நாள் முழுவதும் வரைந்துகொண்டிருந்தார்.

இளமையும் பொம்மை ரயிலும்

1930 செப்டம்பர் 1 அன்று செகந்திராபாத்தில், கோவாவைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் அவரை ஆட்கொண்டவை தகரத்தாலான ஹார்ன்பி பொம்மை ரயில்கள். நேர்த் தண்டவாளம், வளைவு, பாதை பிரியும் இடம் ஆகியவற்றைச் சேர்த்துச் சேர்த்துப் பள்ளி நோட்டுகளில் ரயில் பாதைகளை வரைந்து பார்ப்பார். கட்டடத்தின் தரைப்படத்தைப் படிக்கும் பழக்கம் இந்த விளையாட்டிலிருந்தே தமக்கு வந்ததாகப் பின்னாளில் எழுதினார். ரயில் மோகம் முதுமைவரை அவரை விட்டுப் போகவில்லை.

படிப்பும் படமும்

மும்பை செயின்ட் சேவியர் கல்லூரியில் பயின்றபின் அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் (1949–53) மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் (1953–55) கட்டடக் கலை கற்றார். மிச்சிகனில் பக்மின்ஸ்டர் புல்லரின் சிந்தனையும் மாசசூசெட்ஸில் ஓவியரும் ஒளிப்படக் கலைஞருமான ஜியார்ஜி கெபெஷின் பாடங்களும் அவரைப் பாதித்தன. முதுநிலை ஆய்வுக்காக அவர் ஒரு படமே எடுத்துவிட்டார். நலிந்துவரும் ஒரு குடியிருப்பை அங்கு வாழ்பவர்களே சீர்திருத்திக்கொள்ளும் வழியைக் காட்டும் சலனச் சித்திரம் அது. 1975இல் மும்பையைப் பற்றித் திரைப்படப் பிரிவுக்காக ‘சிட்டி ஆன் தி வாட்டர்’ படத்தை இயக்கினார். காட்சிக்குப் பின் காட்சியாக ஒன்றை விரித்துக் காட்டும் திரைக்கலையின் முறை அவர் கட்டடங்களிலும் தெரியும்.

1961இல் மோனிகாவை மணந்தார். மோனிகா தறியில் தனித்தடம் பதித்த நெசவுக் கலைஞர். கைவினை அந்த வீட்டில் அன்றாட வாழ்வாகவே இருந்தது.

தொழில் வாழ்க்கை

1958இல் மும்பையில் தனி அலுவலகம் தொடங்கினார். முதல் பெரும்பணி அகமதாபாத் சபர்மதி ஆசிரமத்தின் காந்தி நினைவு அருங்காட்சியகம் (1958–63). ஆறு மீட்டர் சதுர அலகுகள், ஓட்டுக் கூரை, செங்கல் தூண்கள், நடுவே நீர்முற்றம் என்று காந்தியின் எளிமைக்கு ஏற்ற அளவில் அதை அமைத்தார். அதே நகரில் கட்டிய ‘குழாய் வீட்டில்’ வெப்பக் காற்று சாய்கூரையின் அடிப்பக்கம் வழியே மேலேறி உச்சித் திறப்பில் வெளியேறும். இயந்திரமின்றி வீடே மூச்சுவிடும் ஏற்பாடு இது.

மும்பையில் கடற்காற்று மேற்கிலிருந்து வருகிறது. மாலை வெயிலும் மழைச்சாரலும் அதே திசையில்தான். பழைய பங்களாக்கள் தாழ்வாரத்தால் இதைச் சமாளித்தன. அந்தத் தாழ்வாரத்தை வானளவுக்கு உயர்த்தியதே 32 வீடுகள் கொண்ட கஞ்சன்ஜங்கா அடுக்ககம் (1970–83). வீடுகளின் மூலைகளில் ஈரடுக்கு உயரத் திறந்தவெளிகள் உண்டு. போபாலின் பாரத் பவன், ஜெய்ப்பூரின் ஜவஹர் கலா கேந்திரா, சென்னையில் எம்.ஆர்.எப். தலைமையகம் (1987–92) ஆகியவையும் அவர் படைப்புகளே. பிற கலைஞர்களையும் துணைக்கு அழைத்தார். கோவா கலா அகாடமியின் அரங்கில் மரியோ மிராண்டா வரைந்தார். டெல்லி பிரிட்டிஷ் கவுன்சிலின் முகப்புச் சுவரை ஹோவர்ட் ஹாட்ஜ்கின் அலங்கரித்தார்.

அந்தமான் விடுதி

பே ஐலண்ட் விடுதி 1979–82 காலத்தது. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இரு பருவமழைகளையும் பெறும் ஊர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வெப்பநிலையோ ஆண்டு முழுதும் பெரிதாக மாறுவதில்லை. இத்தகைய இடத்தில் தேவை மழையைத் தடுக்கும் கூரையும் காற்றைத் தடுக்காத பக்கங்களும். கொரியா பொது இடங்களில் சுவர்களைக் குறைத்து, அகலமாகக் கவியும் சாய்கூரைகளை எழுப்பினார். அவற்றின் கீழே மரத்தளங்கள் படிப்படியாகச் சரிவில் கடல் நோக்கி இறங்குகின்றன. எதிரே ராஸ் தீவு (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு). ஒவ்வொரு தளமாக இறங்கும்போதும் கடல் வேறொரு கோணத்தில் திறக்கிறது. மலையை வெட்டிச் சமன்செய்யாமல் அதன் சரிவையே கட்டடத்தின் பாதையாக்கிக்கொண்டது இதன் சிறப்பு. கேரளத்துக் கோவளத்தின் கடற்கரை விடுதியில் (1969–74) தொடங்கிய சிந்தனை இங்கே கனிந்தது.

மரவேலைக்கு அந்தமானின் படாக் பயன்பட்டது. நம் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் நெருங்கிய உறவான இம்மரம் செந்நிறமும் உறுதியும் உடையது. 1883 முதல் இயங்கிவரும் சாத்தாம் மரஅறுப்பு ஆலை அதைத் தொலைதூரங்களுக்கு ஏற்றுமதி செய்தது. தீவின் மரத்தைத் தீவின் மழைக்கே காவலாக நிறுத்தினார் கொரியா.

நகரமும் எழுத்தும்

1964இல் பிரவீணா மேத்தா, சிரிஷ் படேல் ஆகியோருடன் இணைந்து, மும்பைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் புதுநகரம் காணும் திட்டத்தை முன்வைத்தார். அதுவே நவி மும்பையாயிற்று. அதன் தலைமைக் கட்டடக் கலைஞராகவும் பணியாற்றினார். அங்கே பேலாப்பூரில், எளிய குடும்பங்கள் தாமே விரிவாக்கிக்கொள்ளத் தக்க வீடுகளை முற்றங்களைச் சுற்றி அமைத்தார். 1985இல் தேசிய நகர்மயமாதல் ஆணையத்தின் தலைவரானார். ‘தி நியூ லேண்ட்ஸ்கேப்’, ‘எ பிளேஸ் இன் தி ஷேட்’ ஆகியவை அவருடைய முக்கிய நூல்கள்.

சிறப்புகளும் மரபும்

பத்மஸ்ரீ (1972), பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் கழகத் தங்கப் பதக்கம் (1984), மத்தியப் பிரதேசச் சட்டமன்றக் கட்டடத்துக்காக ஆகா கான் விருது (1998), பத்மவிபூஷண் (2006) ஆகியவை அவர் பெற்ற சிறப்புகளுள் சில. 2015 ஜூன் 16 அன்று மும்பையில் காலமானார். அவருடைய 6,000க்கு மேற்பட்ட வரைபடங்கள் லண்டனில், அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் காப்பகத்தில் உள்ளன.

காகிதம் பத்திரமாக இருக்கிறது. கட்டடங்களின் நிலை அப்படியில்லை. 2023இல் புதுப்பிப்புப் பணியின்போது கோவா கலா அகாடமியின் திறந்தவெளி அரங்கக் கூரை இடிந்து விழுந்தது. கொரியாவின் கட்டடங்களை வரைபடத்தில் மட்டும் அறிய இயலாது. படியிறங்கி, முற்றம் கடந்து, காற்றை உணர்ந்தே அறிய வேண்டும். ஆகவே அவற்றை வாழ்வோடு வைத்திருப்பதே அவருக்குச் செய்யும் உண்மையான நினைவஞ்சலி.