வழங்கியில் பிறக்கும் படங்கள்: எஸ்விஜி வரைகலையின் வரலாறு

எஸ்விஜி என்பது படங்களை எழுத்து வடிவில் விவரிக்கும் ஒரு கணினிக் கோப்பு வகை. தமிழில் இதனை 'அளவிடத்தக்க திசையன் வரைகலை' என்று குறிப்பிடுகிறோம். ஒளிப்படக் கோப்பு ஒன்றில் ஆயிரக்கணக்கான படப்புள்ளிகளின் நிறங்கள் பதிவாகியிருக்கும். எஸ்விஜி கோப்பிலோ, நடுப்புள்ளி எங்கே, ஆரம் எவ்வளவு, நிறம் என்ன என்ற விவரங்கள் மட்டுமே இருக்கும். அவற்றைப் படித்து வட்டத்தை வரைவது உலாவியின் வேலை. அதனால் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரங்கள் சிதைவதில்லை.

இதற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. படம் எழுத்தாக இருப்பதால், எழுத்தை வெளியிடத் தெரிந்த எந்த நிரலும் படத்தை வெளியிட முடியும். இணைய வழங்கியின் அன்றாட வேலையே எழுத்தை வெளியிடுவதுதான். இவை இரண்டும் எவ்வாறு இணைந்தன, இணைவதற்கு ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வழங்கி படம் வரையத் தொடங்கிய காலம்

1993இல் வெளிவந்த மொசைக் உலாவி, எழுத்துகளுக்கு நடுவே படங்களையும் காட்டியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீக்கணினி மையத்தில் சிஜிஐ என்ற இடைமுகம் உருவானது. பயனர் ஒரு பக்கத்தைக் கேட்டவுடன் வழங்கியில் ஒரு நிரல் இயங்கி, அப்பக்கத்தை அந்த நேரத்திலேயே ஆக்கித் தருவதற்கு இது வழிசெய்தது. தொடக்கத்தில் இவ்வகை நிரல்கள் பெரும்பாலும் பேர்ல் மொழியில் எழுதப்பட்டன. ராஸ்மஸ் லெர்டார்ஃப் உருவாக்கிய பிஎச்பி 1995இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

பக்கங்களை ஆக்கிய நிரல், வரைபடங்களையும் ஆக்க வேண்டும் என்ற தேவை விரைவில் எழுந்தது. அதற்காகத் தாமஸ் பௌடெல் 1994இல் ஜிடி என்ற நிரலகத்தை வெளியிட்டார். கோடு, வட்டம், எழுத்து ஆகியவற்றை நினைவகத்தில் புள்ளி புள்ளியாக வரைந்து, ஜிஃப் படமாகச் சேமிக்க அது உதவியது. பிற்காலத்தில் பிஎச்பி நிரலர்களும் இதனைப் பெரிதும் பயன்படுத்தினர்.

காப்புரிமைச் சிக்கல்

ஜிஃப் வடிவம் 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அதில் பயன்பட்ட எல்இசட்டபிள்யூ என்ற சுருக்கமுறைக்கு யுனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. ஜிஃப் படங்களை ஆக்கும் மென்பொருள்களுக்கு உரிமம் பெற வேண்டும் என்ற அறிவிப்பு 1994 டிசம்பரில் வெளியானது. இணைய உலகில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதன் விளைவாகப் பிறந்ததே பிஎன்ஜி வடிவம். அம்முயற்சியைத் தொடங்கியவர்களுள் பௌடெலும் ஒருவர். 1999இல் ஜிடி நிரலகம் ஜிஃப் வசதியை நீக்கி பிஎன்ஜிக்கு மாறியது. காப்புரிமைகள் காலாவதியான பின், 2004இல்தான் ஜிஃப் வசதி அதில் மீண்டும் சேர்க்கப்பட்டது.

ஒரு படத்தை வரைவதற்கே உரிமம் கேட்கப்படலாம் என்பதை இந்நிகழ்வு எல்லோருக்கும் உணர்த்தியது. யாரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய திறந்த செந்தரங்களின் மதிப்பு அப்போது தெளிவாயிற்று.

இரு முன்மொழிவுகள், ஒரு செந்தரம்

1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் 1.0 செந்தரம் வெளியானது. எந்த வகைத் தகவலையும் குறிச்சொற்களைக் கொண்டு எழுத்தாகக் குறிக்கலாம் என்பதே அதன் அடிப்படை. படத்தையும் அவ்வாறு எழுதினால் என்ன என்ற எண்ணம் உடனே செயலுக்கு வந்தது. அதே ஆண்டில் டபிள்யூ3சி எனப்படும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பிடம் பல முன்மொழிவுகள் வந்தன. அவற்றுள் இரண்டு முதன்மையானவை. அடோபி, ஐபிஎம், நெட்ஸ்கேப், சன் ஆகியவை சேர்ந்து பிஜிஎம்எல் என்ற மொழியை முன்வைத்தன. மைக்ரோசாஃப்ட், மேக்ரோமீடியா, ஆட்டோடெஸ்க், ஹெச்பி, விசியோ ஆகியவை விஎம்எல் என்ற மொழியை முன்வைத்தன.

கூட்டமைப்பு இவற்றுள் ஒன்றை அப்படியே ஏற்கவில்லை. கிறிஸ் லில்லி தலைமையில் ஒரு பணிக்குழு அமைத்துப் புதிய மொழியை உருவாக்கியது. 2001 செப்டம்பர் 4 அன்று எஸ்விஜி 1.0 பரிந்துரையாக வெளியானது. 2003 சனவரியில் 1.1 பதிப்பு வந்தது.

வழங்கியில் எஸ்விஜி உருவாகும் விதம்

பள்ளிக் கணக்கு ஒன்றைக் கொண்டே இதனைப் புரிந்துகொள்ளலாம். மூன்று மாணவர்களின் மதிப்பெண்கள் 40, 70, 90 என்று கொள்வோம். இவற்றுக்குப் பட்டை வரைபடம் வேண்டும். அகலம் 100 அலகு, உயரம் 100 அலகு என்று நிரல் முதலில் வரைதளத்தை அறிவிக்கிறது. பிறகு தரவுத்தளத்திலிருந்து மதிப்பெண்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு செவ்வகக் குறிச்சொல்லை எழுதுகிறது.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வகுப்பறை வரைபடத்தாளில் ஒய் அச்சின் மதிப்பு மேல்நோக்கிக் கூடும். எஸ்விஜியில் அது மேல் விளிம்பில் தொடங்கிக் கீழ்நோக்கிக் கூடும். எனவே 40 அலகு உயரமுள்ள பட்டை, 100இலிருந்து 40 கழித்து, 60ஆவது அலகில் தொடங்க வேண்டும். 70க்கு 30, 90க்கு 10. இந்தக் கழித்தலைச் செய்யாவிட்டால் பட்டைகள் தலைகீழாகத் தொங்கும்.

இறுதியாக, அனுப்பப்படுவது எஸ்விஜி படம் என்பதை வழங்கி தலைப்புக் குறிப்பில் உலாவிக்குத் தெரிவிக்கிறது. நாளை மதிப்பெண் மாறினால் யாரும் படத்தைத் திருத்த வேண்டியதில்லை. அடுத்த முறை கேட்கும்போது படம் தானே மாறியிருக்கும். வட்ட விளக்கப்படத்துக்குச் சைன், கொசைன் கணக்குகள் கூடுதலாகத் தேவைப்படும். மற்றபடி முறை இதுவே.

பத்தாண்டுக் காத்திருப்பு

செந்தரம் 2001இல் வந்துவிட்டாலும், அன்று பெரும்பாலோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவிக்கு எஸ்விஜி தெரியாது. அதில் 1999 முதல் விஎம்எல் இருந்தது. எஸ்விஜியைக் காண அடோபி இலவசமாக வழங்கிய செருகுநிரலை நிறுவ வேண்டியிருந்தது. 2005இல் அடோபி, ஃபிளாஷ் மென்பொருளின் உரிமையாளரான மேக்ரோமீடியாவை வாங்கியது. பின்னர் 2009 தொடக்கத்தோடு தன் எஸ்விஜி செருகுநிரலுக்கான ஆதரவை நிறுத்தியது.

இதற்கிடையே 2005இல் ஓபெரா 8, ஃபயர்ஃபாக்ஸ் 1.5 ஆகிய உலாவிகள் எஸ்விஜியைத் தாமே காட்டத் தொடங்கின. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2011 மார்ச்சில், அதன் ஒன்பதாம் பதிப்பில்தான் எஸ்விஜியை ஏற்றது. செந்தரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதைக் காட்டும் கருவி மக்கள் கையில் இல்லாவிட்டால் பயன் இல்லை என்பதற்கு இந்தப் பத்தாண்டு ஒரு பாடம்.

அக்காலத்தில் விக்கிப்பீடியா ஒரு நடுவழியைக் கையாண்டது. படத்தை எஸ்விஜியாகச் சேமித்து வைத்து, வழங்கியிலேயே அதனை பிஎன்ஜியாக மாற்றிப் படிப்பவருக்கு அனுப்பியது. இதற்கு லிப்ஆர்எஸ்விஜி என்ற கட்டற்ற மென்பொருள் பயன்பட்டது. அதனால் பழைய உலாவி வைத்திருந்தவரும் படத்தைக் காண முடிந்தது. திருத்த விரும்பியவருக்கு மூலக்கோப்பும் கிடைத்தது.

தமிழுக்கு என்ன பயன்?

தமிழ் எழுத்துகளைக் கணினி சேமிக்கும் வரிசையும் திரையில் காட்டும் வரிசையும் எப்போதும் ஒன்றல்ல. ஒருங்குறியில் 'கெ' என்ற எழுத்துக்கு முதலில் ககரமும் அடுத்து எகரக் குறியும் சேமிக்கப்படுகின்றன. திரையில் ஒற்றைக் கொம்பு முன்னால் வர வேண்டும். ஜிடி போன்ற நிரலகங்கள் நெடுங்காலம் வடிவங்களைச் சேமித்த வரிசையிலேயே அடுக்கின. அதனால் வழங்கி வரைந்த படங்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. அந்தத் தமிழைப் படிக்கவே முடியாது.

எஸ்விஜியில் இந்தச் சிக்கலைக் கடப்பது எளிது. வழங்கி 'கெண்டை' என்ற சொல்லை எழுத்தாகவே அனுப்புகிறது. பக்கத்தில் உள்ள மற்றத் தமிழை எப்படிச் சரியாகக் கோத்துக் காட்டுகிறதோ, அப்படியே படத்தில் உள்ள தமிழையும் உலாவி காட்டுகிறது. அச்சொல்லைத் தேடலாம், நகலெடுக்கலாம். பார்வையற்றோருக்கான திரைபடிப்பான்களும் அதனை வாசிக்க முடியும். ஆனால் வழங்கியிலேயே பிஎன்ஜியாக மாற்றுவதாயின், அங்கே தமிழ் எழுத்துருவும் எழுத்துகளைக் கோக்கும் மென்பொருளும் இருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பும் எளிதாகிறது. ஆங்கிலத்தில் பெயரிட்ட இதயத்தின் படத்தை எழுத்துத் தொகுப்பியில் திறந்து, பெயர்களை மட்டும் தமிழில் மாற்றிச் சேமித்தால் போதும். படத்தை மீண்டும் வரைய வேண்டியதில்லை. ஒரே கோப்பில் பல மொழிப் பெயர்களை வைத்து, வேண்டிய மொழியைக் காட்டச் செய்யும் வசதியும் எஸ்விஜி செந்தரத்தில் உள்ளது.

கவனிக்க வேண்டியவை

எழுத்தாக இருப்பதில் ஆபத்தும் உண்டு. எக்ஸ்எம்எல் கண்டிப்பான இலக்கணம் கொண்டது. பயனர் தந்த பெயரில் 'சிறியது' என்னும் கணிதக் குறி ஒன்று அப்படியே நுழைந்தால், உலாவி அதைக் குறிச்சொல்லின் தொடக்கமாகக் கொள்ளும்; படம் காட்சிக்கு வராமலே போகலாம். அதோடு, எஸ்விஜிக்குள் ஜாவாஸ்கிரிப்டு நிரலும் இடம்பெறலாம். ஆகவே தீய நோக்குடையவர் படத்தின் வழியே நிரலைப் புகுத்த முடியும். வேர்ட்பிரஸ் மென்பொருள் இயல்பாக எஸ்விஜி பதிவேற்றத்தை அனுமதிக்காததற்கு இதுவே காரணம். வெளியிலிருந்து வரும் எதையும் சிறப்புக் குறிகளை மாற்றிய பின்னரே படத்தில் சேர்க்க வேண்டும்.

இன்றைய நிலை

2011இல் வெளிவந்த டி3 போன்ற ஜாவாஸ்கிரிப்டு நிரலகங்களால், வரைபடங்களை உலாவியிலேயே ஆக்கும் வழக்கம் பரவியது. ஆனாலும் வழங்கியில் ஆக்கும் முறை மறையவில்லை. வேகம் குறைந்த கைப்பேசிக்கும், மின்னஞ்சல் அறிக்கைக்கும், அச்சிடும் ஆவணத்துக்கும் ஆயத்தமான படம் தேவைப்படுகிறது.

இதைக் கற்க விலைமிக்க மென்பொருள் எதுவும் வேண்டாம். ஓர் எழுத்துத் தொகுப்பியும் உலாவியும் போதும். ஆய அச்சு வடிவியல் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒரு வட்டத்தையும் மூன்று பட்டைகளையும் தாமே எழுதிப் பார்க்கலாம். அதற்குத் தமிழிலேயே பெயரிடவும் செய்யலாம்.