ரோஸ் கலர் அடுப்படியும் ஒரு பாழடைஞ்ச வீடும்

நாங்க இருக்கிற ஊர்ல ஒரு பழைய கட்டடத்தைச் சமூகக் கலைக்கூடமா மாத்தி வச்சிருக்காங்க. சில வருஷத்துக்கு முன்னால அங்க ஒரு அறை முழுசையும் கடலடி மாதிரி செய்யணும்னு ஆரம்பிச்சாங்க. சுவர், கூரை, தரை, கதவுக்குப் பின்பக்கம் எல்லாமே நீலம். உள்ளே நுழைஞ்சா தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கணுமாம். ஆர்வமுள்ளவங்க வாங்கன்னு சொன்னதும் நானும் போய் நின்னேன். பொறுப்பா இருந்தவர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "நீங்க டீயும் வடையும் பார்த்துக்குங்களேன், ஏணி வேலையெல்லாம் பசங்க செய்வாங்க"ன்னார்.

செஞ்சேன். முதல் நாள் அறுபது வடை! மறுநாள் பசங்க யாரும் வரலை :-) ஏணி சும்மா நின்னுச்சு. ஏறிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி கழுத்தைத் திருப்ப முடியலை. (கூரைக்குப் பெயின்ட் அடிச்சவங்களுக்குத் தெரியும். ரோலர்ல இருந்து சொட்டுறது பாதி நம்ம நெத்தியிலதான்.) தூக்கம் வராம, இந்த மாதிரி உள்ளே போய் நிக்கிற ஓவியத்தை முதன்முதலா யார் செஞ்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். அப்படிக் கிடைச்சதுதான் இந்த வீட்டுக் கதை.

முதல் ஆள் இவர்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஜெர்மனியில ஹனோவர் நகரத்துல கர்ட் ஷ்விட்டர்ஸ்னு ஒரு கலைஞர் 1923 வாக்குல தன் வீட்டு அறைக்குள்ளேயே கண்டதையும் ஒட்டி, மரமும் சுண்ணாம்புச் சாந்துமா ஒரு குகை மாதிரி வளர்த்துக்கிட்டே போயிருக்கார். மெர்ஸ்பௌன்னு பேர். நாஜிகளுக்குப் பயந்து 1937ல நார்வேக்கு ஓடினார். 1943ல குண்டு விழுந்து வீடே போச்சு. 1933ல எடுத்த சில போட்டோக்கள் இருந்ததால 1980களின் தொடக்கத்துல ஒரு அறையை மட்டும் திரும்பக் கட்டி, ஹனோவர் ஷ்ப்ரெங்கல் மியூசியத்துல வச்சாங்க. அது ஒரு மனுஷன் தனியா, வருஷக்கணக்குல செஞ்சது. என் கழுத்துவலிக்கு அதுல ஆறுதல் இல்லை. கும்பலா, அதுவும் ஏணியில ஏறிப் பழக்கமில்லாதவங்க சேர்ந்து செஞ்ச கதை ஒண்ணு வேணும். அது லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்துச்சு.

1970ல கலிஃபோர்னியாவில ஃப்ரெஸ்னோ கல்லூரியில ஜூடி சிகாகோங்கிற ஓவியர், பெண்களுக்கு மட்டும்னு ஒரு கலை வகுப்பு ஆரம்பிச்சாங்க. அந்தக் காலத்துக் கலைக் கல்லூரிகள்ல படிக்கிறதுல பாதிப்பேர் பொண்ணுங்க, சொல்லிக்கொடுக்கிறவங்க கிட்டத்தட்ட எல்லாருமே ஆம்பளைங்க. படிப்பு முடிஞ்சதும் அந்தப் பொண்ணுங்க எங்க போனாங்கன்னே தெரியாது. மறு வருஷம் அந்த வகுப்பு அப்படியே கால்ஆர்ட்ஸ்னு சொல்ற கலிஃபோர்னியா இன்ஸ்டிட்யூட் ஆஃப் தி ஆர்ட்ஸுக்கு மாறுச்சு. மிரியம் ஷபிரோங்கிற ஓவியரும் சேர்ந்துக்கிட்டாங்க. ஆனா கல்லூரியோட புதுக் கட்டடம் இன்னும் தயாராகலை. வகுப்பு இருக்கு, இடம் இல்லை! பாலா ஹார்ப்பர்ங்கிற கலை வரலாற்று ஆசிரியைதான் யோசனை சொன்னது: ஒரு வீட்டை எடுத்து, அதையே வேலையா வச்சுக்கிட்டா என்ன?

மாணவிகள் ஊருக்குள்ள சுத்தி வீடு தேடினாங்க. ஹாலிவுட்ல மரிபோசா தெருவில 533ஆம் எண். 17 அறை, 75 வருஷத்துப் பழசு, ஆளில்லாமக் கிடந்துச்சு. அக்கம்பக்கத்துல விசாரிச்சு உரிமையாளரைக் கண்டுபிடிச்சு, என்ன செய்யப்போறோம்னு கடுதாசி எழுதினாங்க. எப்படியும் இடிக்கப்போற வீடுதானே, மூணு மாசத்துக்கு வச்சுக்கோங்கன்னு கொடுத்துட்டாங்க. 1971 நவம்பர் 8ஆம் தேதி 21 மாணவிகளும் 2 ஆசிரியைகளும் விளக்குமாறு, வாளி, ரோலர், உப்புத்தாள் சகிதமா அந்த வீட்டுக்குள்ள போனாங்க.

உள்ளே என்ன நிலைமைங்கிறீங்க? ஜன்னல் கண்ணாடி 25 மாத்த வேண்டியிருந்துச்சு. மாடிப்படி கைப்பிடிக் கட்டைகளை யாரோ பிடுங்கிட்டுப் போயிருந்தாங்க. கக்கூஸ் எல்லாம் அடைப்பு. வெந்நீர் கிடையாது, குளிருக்குக் கணப்பு கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ்ல என்ன பெரிய குளிர்னு நினைக்காதீங்க. கண்ணாடி இல்லாத வீட்டுல டிசம்பர் மாசம் கையை நனைச்சுப் பாருங்க, தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ரெண்டு மாசம் அவங்க 'கலை'ன்னு நாம சொல்ற எதையும் பெரிசா செய்யலை. சுவர் சுரண்டினாங்க, பட்டி பார்த்தாங்க, தடுப்புச் சுவர் எழுப்பினாங்க, தரையைத் தேய்ச்சாங்க, விளக்கு மாட்டினாங்க. பலருக்கு மரம் அறுக்கிற மெஷினைக் கையில பிடிக்கிறதே புதுசு. ஜூடி சிகாகோ பிடிவாதமா இருந்தாங்க: கருவியைக் கையில எடுக்கப் பயப்படுற வரைக்கும் பெரிய வேலை செய்யத் துணியமாட்டீங்க, எடுத்துப் பழகுங்கன்னு. மாணவிகள் முணுமுணுத்தாங்க. சும்மா முணுமுணுப்பு இல்லை, சண்டையே. நாங்க படிக்க வந்தமா, கொத்து வேலைக்கு வந்தமான்னு கோபம். ஆசிரியைகள் அதிகாரம் பண்றாங்க, பெண் விடுதலைன்னு சொல்லிட்டு இதென்ன எஜமானித்தனம்னு ஆத்திரம். பின்னாளில் இதைப் பத்தி ரெண்டு தரப்புமே எழுதியிருக்காங்க. யார் பக்கம் நியாயம்னு கேட்டா, எனக்கு மாறி மாறித் தோணுது. ஏணியில நிக்கும்போது ஜூடி பக்கம். இறங்கி வந்து கழுத்துக்குத் தைலம் தேய்க்கும்போது மாணவிகள் பக்கம் :-)

சரி, அறைகளுக்கு வருவோம். வட்டமா உட்கார்ந்து ஒவ்வொருத்தரும் ஒரு விஷயத்தைப் பத்தி மனசுல உள்ளதைப் பேசுறது இவங்க வழக்கம். ஒருநாள் அடுப்படி பத்திப் பேச்சு வந்துச்சு. சமையலறைன்னதும் எல்லாருக்கும் அம்மா ஞாபகம். சாப்பாடு போட்ட அம்மா, சாப்பாட்டைக் காட்டியே சண்டை போட்ட அம்மா, அதுக்குள்ளேயே அடைஞ்சு கசந்துபோன அம்மா. அந்தப் பேச்சுலதான் அந்த அறை பிறந்துச்சு. ராபின் வெல்ட்ஷ், விக்கி ஹாட்ஜெட்ஸ், சூசன் ஃப்ரேசியர்னு மூணு பேர். சுவர், கூரை, அடுப்பு, தொட்டி, இழுப்பறை, டோஸ்டர்னு ஒண்ணு விடாம ஒரே ரோஸ் கலர். சதையோட நிறம், அதாவது அவங்க தோல் நிறம். கூரையில பொரிச்ச முட்டை மாதிரி வரிசையா செஞ்சு ஒட்டினாங்க. அந்த வரிசை கூரையிலிருந்து சுவர்ல இறங்க இறங்க, மஞ்சக்கரு கொஞ்சங் கொஞ்சமா மாறி, முட்டை மார்பா ஆயிடும். அபத்தமாவும் இருக்கு, சரியாவும் இருக்கு.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எங்க அம்மாவோட அடுப்படிதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. புகை தெரியக்கூடாதுன்னு அப்பா பாதிச் சுவர் வரைக்கும் கரும்பச்சை ஆயில் பெயின்ட் அடிச்சு வச்சிருந்தார். அம்மாகிட்ட என்ன கலர் வேணும்னு யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. முப்பது வருஷம் அந்தப் பச்சைக்கு எதிரே நின்னு சமைச்சாங்க.

மத்த அறைகளையும் கொஞ்சம் சொல்றேன். மாடிப்படியில கேத்தி ஹூபர்லாண்ட் ஒரு கல்யாணப்பெண் பொம்மையை நிறுத்தினாங்க. அவளோட வெள்ளைத் துணி படி படியா இறங்கி வந்து கீழே சேரும்போது அழுக்குச் சாம்பல் நிறம். துணி அலமாரியில சாண்ட்ரா ஆர்கல் வச்சது ஒரு பெண் பொம்மை. மடிச்ச விரிப்புகள் அடுக்கின தட்டுகள் அவ உடம்பைக் குறுக்கே குறுக்கே வெட்டிக்கிட்டுப் போகுது. ஒரு கால் மட்டும் வெளியே எடுத்து வச்சிருக்கா. ஒரு குளியலறையை ஜூடி சிகாகோ எடுத்துக்கிட்டாங்க. எல்லாம் வெள்ளை, அலமாரி நிறைய மாதவிலக்குச் சாமான்கள், கீழே நிரம்பி வழியுற குப்பைக்கூடை. 1972ல! நம்ம வீடுகள்ல அதைப் பழைய பேப்பர்ல சுத்தி, கறுப்புப் பையில போட்டுக் கொண்டுவந்தது எத்தனை வருஷம்னு நினைச்சுப் பார்த்தேன்.

இன்னொரு அறையில கேரன் லகாக்கும் நான்சி யூடல்மேனும் வயசாகிற ஒரு அழகியோட படுக்கையறையைச் செஞ்சாங்க. கண்ணாடி முன்னால நிஜ ஆளே உட்கார்ந்து, மேக்கப் போட்டு, திருப்தியில்லாம அழிச்சு, திரும்பப் போட்டுக்கிட்டே இருப்பாங்க. ஃபெயித் வைல்டிங் குரோஷே ஊசியால ஒரு அறை முழுக்க வெள்ளை நூல் வலை பின்னினாங்க. இருட்டறைக்குள்ள சிலந்திக்கூடு மாதிரி, ஒரு குடிசை மாதிரி. பாட்டிகள் டேபிளுக்கு விரிப்பு பின்னுற அதே கொக்கி ஊசிதான். அதே கையால ஒரு ஆள் உள்ளே நிக்கிற கூட்டைக் கட்டிட்டாங்க. எனக்கு ஒரே ஒரு அறைக்குள்ள போக அனுமதின்னா இதுக்குள்ளதான் போவேன்.

வுமன்ஹவுஸ்னு பேர் வச்சு 1972 ஜனவரி 30ல திறந்தாங்க. முதல் நாள் பெண்களுக்கு மட்டும். அப்புறம் எல்லாருக்கும், பிப்ரவரி 28 வரைக்கும். நாடகம் மாதிரி நிகழ்ச்சிகளும் நடந்துச்சு. ஃபெயித் வைல்டிங் மடியில கையை வச்சுக்கிட்டு நாற்காலியில முன்னும் பின்னும் ஆடியபடியே, ஒரு பெண் பிறந்ததுலருந்து சாகிற வரைக்கும் எதெதுக்கெல்லாம் காத்திருக்கான்னு சுமார் பதினஞ்சு நிமிஷம் சொல்லிக்கிட்டே போவாங்களாம். இன்னொருத்தர் மேடையில துணிக்கு இஸ்திரி போடுவாங்க. அவ்வளவுதான் நிகழ்ச்சி. பத்தாயிரம் பேர் வரை வந்து பார்த்ததா சொல்றாங்க. ஒரு மாசத்துக்கு, அதுவும் கல்லூரி மாணவிகள் வேலைக்கு, பெரிய எண்ணிக்கை. டைம் பத்திரிகையும் எழுதிச்சு. அழுதுக்கிட்டே வெளியே வந்த பெண்கள் உண்டாம். ஆண்கள் சிலர் எங்க பார்க்கிறதுன்னு தெரியாம நின்னாங்களாம்.

அப்புறம்? சொன்னபடி வீட்டை இடிச்சுட்டாங்க.

அந்த ரோஸ் அடுப்படி, மாடிப்படி, 25 கண்ணாடி, எல்லாம் மண்ணோட போச்சு. தூக்கிட்டுப் போகக்கூடிய சில பொருட்கள்தான் மிச்சம். மிரியம் ஷபிரோவும் ஷெர்ரி பிராடியும் சேர்ந்து செஞ்ச ஆறு அறை பொம்மை வீடு இப்போ வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை மியூசியத்துல இருக்கு. பெரிய வீடு போயிடுச்சு, அதுக்குள்ள இருந்த குட்டி வீடு நிக்குது. வைல்டிங்கோட நூல் வலையை 1995ல நியூயார்க்ல பிராங்க்ஸ் மியூசியக் கண்காட்சிக்காகத் திரும்பப் பின்னினாங்க. ஜொஹான்னா டெமட்ராகாஸ் எடுத்த டாக்குமெண்டரி 1974ல வந்துச்சு. இன்னிக்கு நாம பார்க்கக் கிடைக்கிறது அந்தப் படமும், கொஞ்சம் போட்டோக்களும், அவங்க போட்ட கேட்டலாகும்தான்.

என்னை உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. வுமன்ஹவுஸ்னு சொன்னா எல்லாரும் முதல்ல சொல்றது ஜூடி சிகாகோ பேர்தான். நானும் அப்படித்தானே மேலே ஆரம்பிச்சேன்! அவங்க அதுக்கப்புறம் 1979ல நானூறு பேர் வரை உழைச்ச தி டின்னர் பார்ட்டி செஞ்சாங்க. அது 2007லருந்து புரூக்ளின் மியூசியத்துல நிரந்தரமா இருக்கு. தலைமை தாங்கினவங்களுக்கு மரியாதை போகட்டும், வேண்டாங்கலை. ஆனா அடைச்சுக்கிட்ட கக்கூஸைக் கழட்டினது யாருன்னு எந்த மியூசியத்துலயும் எழுதி மாட்ட மாட்டாங்க. அந்த 21 பேர்ல பின்னாளில் பேர் வாங்கினவங்க உண்டு. ஃபெயித் வைல்டிங், மிரா ஷோர், நான்சி யூடல்மேன், ராபின் மிட்செல் எல்லாம் கலைஞர்களாவே தொடர்ந்தாங்க. மத்த சிலரைத் தேடினா, அந்த வீட்டோட சேர்த்துத்தான் பேரே கிடைக்குது. கல்லூரி வகுப்புலருந்து விலகி ஜூடி சிகாகோ மத்தவங்களோட சேர்ந்து 1973ல வுமன்ஸ் பில்டிங்னு ஊருக்குள்ள ஒரு இடம் ஆரம்பிச்சாங்க. அது 1991 வரை நடந்துச்சு. அங்கேயும் முதல் வேலை சுவர் சுரண்டுறதும் பெயின்ட் அடிக்கிறதும்தான் :-)

எங்க கடலறைக்கு வர்றேன். பிரைமர் அடிக்காம நேரா நீலத்தை ஏத்தினதால ரெண்டாவது வாரமே ஒரு மூலையில அப்பளம் மாதிரி உரிஞ்சுது. (பிரைமர் வேணும்னு சொன்னது நான். டீக்காரம்மா சொன்னா யார் கேக்குறாங்க?) உரிஞ்ச இடத்துல ஒரு பொண்ணு பவளப்பாறை வரைஞ்சு மறைச்சா. வந்தவங்க அதைத்தான் ரொம்ப நேரம் நின்னு பார்த்தாங்க. ஆறு வாரம் இருந்துச்சு. வாசல்ல வச்ச பேர்ப்பலகையில என் பேர் 'உபசரிப்பு'க்குக் கீழே இருந்துச்சு. பேனா எடுத்துத் திருத்தலாமான்னு பார்த்தேன், விட்டுட்டேன். பிறகு ஏன் விட்டேன்னு ரெண்டு நாள் தூங்கலை.

அடுத்த கண்காட்சிக்கு அறையை வெள்ளையாக்கித் தரணும்னு சொன்னாங்க. இந்தத் தடவை நானே பிரைமர் டப்பாவோட போனேன். நாலு பொம்பளைங்க, ரெண்டு பசங்க. வடை யாரும் கொண்டுவரலை, கடையில வாங்கிக்கிட்டோம். ரெண்டு கோட் அடிச்சும் கூரையில நீலம் லேசாத் தெரிஞ்சுது. மூணாவது கோட்டுக்கு ஏணியைப் பிடிச்சுக்கச் சொல்லி அந்தப் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். வந்து பிடிச்சுக்கிட்டார்.