கட்டத்துக்குள் வெற்றிலை: டைலிங் சாளர மேலாளரில் தமிழ்

1. ஆய்வுப் பொருள்

திரையை மிச்சமில்லாமல் பங்கிட்டு, ஒரு சாளரத்தின் மேல் இன்னொன்று படியாதபடி நிறுத்தும் நிரலுக்கு டைலிங் சாளர மேலாளர் என்று பெயர். லினக்ஸ், பிஎஸ்டி போன்ற யூனிக்ஸ் வழிக் கணினிகளில் மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே வேலையை முடிக்க நினைப்பவர்கள் இதை விரும்புகிறார்கள். இதை அமைத்துக்கொள்ள ஆங்கிலத்தில் வழிகாட்டிகள் ஏராளம். அவற்றை வரிக்கு வரி பின்பற்றும் தமிழருக்குத் துப்புரவான ஆங்கிலத் திரை கிடைக்கும். தமிழ் மட்டும் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும்.

இதைப் பிழை என்று சொல்வதைவிட ஒரு முடிவின் விளைவு என்பதே சரி. தேவையற்றதைக் கழிப்பதே இந்த மரபின் கொள்கை. எது தேவையற்றது என்று முடிவு செய்தவர்கள் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் போதும் என்ற லத்தீன் வரிவடிவத்தில் எழுதுபவர்கள். அவர்கள் கழித்தவற்றில் தமிழுக்கு உயிர்நாடியான சில உண்டு. அவை எவை, எங்கே திரும்பச் சேர்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சோதனை உரையாக ஒரு கணக்குக் கோப்பைக் கற்பனை செய்துகொள்வோம். இடம், வைகையின் வடகரையில் வாடிப்பட்டி வட்டத்திலுள்ள சோழவந்தான். அவ்வூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்கால், கவுளி, கூலி, வாடகை என்று பத்தி பிரித்த சாதாரண உரைக் கோப்பு அது.

2. மரபு

சாளரங்களை மோதவிடாமல் அடுக்குவது புதிய எண்ணமன்று. 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் அப்படித்தான் அடுக்கியது. 1985இன் விண்டோஸ் 1.0 கூட அப்படித்தான். யூனிக்ஸில் இது தனிக் கிளையாக வளர்ந்ததற்குக் காரணம் 1984இல் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் சாளர முறைமை. சாளரங்களை எங்கே வைப்பது என்ற பொறுப்பை அது தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் தனி நிரலுக்கு விட்டது. ஆகவே ஆளுக்கொரு மேலாளர் எழுத முடிந்தது. 2006இல் டிடபிள்யூஎம், 2007இல் எக்ஸ்மோனாட், 2009இல் மைக்கேல் ஸ்டாபெல்பெர்க்கின் ஐ3, 2016இல் அதே அமைவுக் கோப்பை, எக்ஸுக்கு மாற்றான வேலண்டில் ஏற்கும் ஸ்வே என வரிசை நீண்டது.

3. கழித்தபின் எஞ்சுவது

டிடபிள்யூஎம்மின் மூல நிரல் 2000 வரியைத் தாண்டக் கூடாது என்பது அதை எழுதியவர்கள் தமக்கே போட்டுக்கொண்ட வரம்பு. அதன் அமைவும் சி மொழித் தலைப்புக் கோப்பில்தான் இருக்கும். நிறத்தை மாற்ற வேண்டுமென்றாலும் நிரலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். இந்தக் கறார்த்தனத்தில் ஓர் அழகு உண்டு என்பதை மறுக்கவில்லை. அதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் போன்ற பழைய கருவிகளில் முழு டெஸ்க்டாப் சூழல் மூச்சு வாங்கும். சில பத்து எம்பி நினைவகத்தோடு திருப்தி அடையும் மேலாளர் அங்கே ஓடிவிடும்.

ஆனால் முழு டெஸ்க்டாப் சூழல் சத்தமில்லாமல் செய்துவந்த பணிகளில் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, உள்ளீட்டு முறையைத் தொடங்கி, ஒவ்வொரு செயலிக்கும் அதை அறிமுகப்படுத்துவது. மற்றது, எழுத்தைக் கோத்து வரைவது. தமிழில் ‘கெ’ என்பது நினைவகத்தில் முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில் இருக்கிறது. திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். ‘கொ’வில் குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். இந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நூலகமும், அதன் மேல் அமர்ந்த பாங்கோவும் செய்கின்றன. டிடபிள்யூஎம்மும் அதன் துணையான டிமெனுவும் பாங்கோவை வேண்டாமென்று எக்ஸ்எஃப்டி நூலகம் வழியாக நேராக வரைகின்றன. எக்ஸ்எஃப்டிக்குக் கோக்கத் தெரியாது. தமிழ் விக்கிப்பீடியாப் பக்கமொன்றைத் திறந்தால் மேல்பட்டையில் அதன் தலைப்பு சிதைந்து தெரிவதற்கு இதுவே காரணம். எழுத்துருவை மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. ஐ3, ஸ்வே ஆகியவற்றின் பட்டைகள் பாங்கோவைப் பயன்படுத்துகின்றன, ஆசம் என்ற மேலாளரும் அப்படியே. தமிழில் வேலை செய்பவர் மேலாளரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. சாளரங்களை எப்படி அடுக்குகிறது என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

4. ஒரு சொல், நான்கு நீளங்கள்

டைலிங் மேலாளரை நாடுகிறவர் பெரும்பாலும் முனையத்தில் வாழ்கிறவர். முனையமோ கட்டம் போட்ட தாள். இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது.

‘சோழவந்தான்’ என்ற பெயரில் எத்தனை எழுத்து? பள்ளிப்பிள்ளை ஆறு என்பாள்: சோ, ழ, வ, ந், தா, ன். யூனிகோடுக்கு அது பத்துக் குறியெண். யூடிஎஃப்-8 கோப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட் என்பதால் முப்பது பைட். முனையத்தில் அது எட்டுக் கட்டத்தை அடைக்கிறது. கட்டளை வரியில் உள்ள ஒவ்வொரு கருவியும் இந்த நான்கில் ஏதோ ஒன்றைத்தான் நீளம் என்று நம்புகிறது. எது எதை நம்புகிறது என்று கருவிகள் தாமாகச் சொல்வதில்லை.

பாஷில் பிரிண்ட்எஃப் கட்டளையிடம் ஊர்ப்பெயருக்கு 20 இடம் ஒதுக்கச் சொன்னால் அது பைட்டை எண்ணும். சோழவந்தான் 30 பைட். ஆகவே ஓர் இடைவெளிகூடச் சேராது, அடுத்த பத்தி எட்டுக் கட்டத்திலேயே ஒட்டிக்கொள்ளும். மதுரை 15 பைட். ஐந்து இடைவெளி சேர்ந்து அடுத்த பத்தி பத்தாம் கட்டத்தில் விழும். இருபதில் தொடங்கவேண்டிய கூலிப் பத்தி வரிக்கு வரி தள்ளாடும். ஆக் என்ற கருவியின் குனு வடிவம் குறியெண்ணை எண்ணுகிறது. தள்ளாட்டம் குறையுமே ஒழிய நிற்காது. காலம் என்ற கட்டளை கட்டத்தை எண்ணுவதால் மூன்றில் அதுவே தேவலை.

கட்டக் கணக்கு எங்கிருந்து வந்தது? மார்க்குஸ் கூன் எழுதிப் பரவலான அகலம் காணும் செயற்கூறு, யூனிகோடின் வகைப்பாட்டைப் பின்பற்றுகிறது. தனி இடம் பிடிக்காத குறிகளுக்குப் பூஜ்யம். இடம் பிடிக்கும் குறிகளுக்கு ஒன்று. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் முதல் வகையில் இருக்கின்றன. இகரக் குறி இரண்டாம் வகையில் இருக்கிறது. விளைவு: ‘கீ’க்கு ஒரு கட்டம், ‘கி’க்கு இரண்டு. கிளி நான்கு கட்டம், கீரி மூன்று. ஒலியில் குறில் குட்டை, நெடில் நீளம். முனையத்தில் அது தலைகீழ். இந்த இரு குறிகளும் மெய்யோடு ஏறக்குறைய ஒரே மாதிரி ஒட்டுகின்றன என்பதை எந்த அச்சுக்கோப்பாளரும் சொல்லியிருப்பார்.

சம அகலக் கட்டத்துக்குள் தமிழை அடக்கும் சிக்கல் கணினிக்கு முன்பே எதிர்கொள்ளப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோது, வி, மி போன்றவற்றுக்குப் பொதுவான விசிறியைத் தனியே பிரித்து அதற்கு நகரா விசை வைத்தார். அழுத்தினால் குறி பதியும், உருளை நகராது. அதாவது பூஜ்ய அகலம். அவர் அனுபவத்தில் கண்ட விடையை யூனிகோடு அட்டவணை பாதி ஏற்றுப் பாதி விட்டுவிட்டது.

எழுத்தை எண்ணுவதில் சோழவந்தானுக்கென்று ஒரு மரபும் இருக்கிறது. அவ்வூரைச் சேர்ந்த அரசஞ்சண்முகனார் (1868–1915), மதுரைத் தமிழ்ச் சங்கக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். மாலைமாற்று மாலை, ஏகபாத நூற்றந்தாதி என்று கட்டுப்பாடே உருவான நூல்களைச் செய்தவர். மாலைமாற்று என்பது முன்னும் பின்னும் ஒன்றாகவே வாசிக்கும் யாப்பு. அதைக் கணினியில் சோதித்துப் பார்க்கலாம். எல்லாருக்கும் தெரிந்த ‘விகடகவி’யையே எடுத்துக்கொள்வோம், எழுத்தாகத் திருப்பினால் மாறாது. குறியெண்ணாகத் திருப்பினால் முதலில் அநாதையாக ஓர் இகரக் குறி, பிறகு வ, க, ட, கி, வ. புலவர் எழுத்து என்று எண்ணியது உயிர்மெய் முழுமையை. யூனிகோடு அந்த முழுமையைக் கோவை என்று தனி விதிகளால் வரையறுத்திருக்கிறது. பழைய சிறு கருவிகள் அந்த விதிகளைப் படிப்பதில்லை. படிக்காமல் இருப்பதுதான் அவற்றைச் சிறியவையாக வைத்திருக்கிறது.

முனையத் தேர்வு இதிலிருந்து பிறக்கிறது. எஸ்டி, எக்ஸ்டெர்ம், அலாக்ரிட்டி மூன்றும் தமிழைக் கோப்பதில்லை. எம்எல்டெர்ம் பன்மொழிக்கென்றே எழுதப்பட்டது; எக்ஸில் அதுவே என் பரிந்துரை. வேலண்டில் ஃபுட், கோவையை ஒரே அலகாக நடத்தக்கூடியது. ஆனால் முனையம் திருந்தினாலும் அதற்குள் ஓடும் நிரல் பழைய கணக்கையே வைத்திருந்தால் கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலுமாக நிற்கும். எனவே நீளமான தமிழ் உரையை முனையத்தில் எழுத வேண்டாம் என்பேன். 27ஆம் பதிப்பு (2020) முதல் ஹார்ஃப்பஸ்ஸோடு வரும் ஈமாக்ஸை வரைகலைச் சாளரமாகத் திறந்து எழுதுவது நிம்மதி. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள்; சுளிக்கட்டும்.

5. விசைகள்

மேலாளரின் கட்டளைகள் விண்டோஸ் விசையோடு ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்து அழுத்துவதால் நடப்பவை. விசைப்பலகை அமைப்பையே தமிழுக்கு மாற்றிவிட்டால் அந்த ஆங்கில எழுத்து விசைப்பலகையில் இல்லாமல் போகும், குறுக்குவிசைகள் ஊமையாகிவிடும். சாளரத்தை மூடக்கூட வழி தெரியாமல் திகைப்பது இந்தக் கட்டத்தில்தான். ஐ3இல் எழுத்தின் பெயருக்குப் பதிலாக விசையின் எண்ணைக் கொண்டு கட்டளை அமைக்கலாம். அது தமிழிலும் வேலை செய்யும்.

அதைவிட நல்லது, அமைப்பை ஆங்கிலமாகவே விட்டுவிட்டு உள்ளீட்டு முறையை வைத்துக்கொள்வது. இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாட்டிலிருந்து வந்த தமிழ்99, முந்தைய எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கும் விசைப்பலகை. ககரத்தை இருமுறை அழுத்தினால் முதல் ககரத்துக்குத் தானே புள்ளி வைக்கும். ககரத்தைத் தொடர்ந்து இகரத்தை அழுத்தினால் ‘கி’ ஆக்கும். எக்ஸின் அடிப்படை விசைப்பலகை வரைபடம் ஒரு விசைக்கு ஒரு குறி என்ற அளவில்தான் யோசிக்கும். முந்தையதை நினைவில் வைக்க எம்17என் நூலகம் வேண்டும்; அதை ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் வழியாக அழைக்க வேண்டும்.

6. அமைவு

மேலாளர் தொடங்கும் முன் ஓடும் தொடக்கக் கோப்பில் உள்ளீட்டு முறையின் பெயரை ஜிடிகே, க்யூடி, எக்ஸ் மூன்றுக்குமான சூழல் மாறிகளில் எழுத வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டால் ஒரு வகைச் செயலியில் மட்டும் தமிழ் வராது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க அரைநாள் போகும். வரிசையும் முக்கியம்: மாறிகள் முதலில், மேலாளர் பிறகு, உள்ளீட்டு முறையைத் தொடங்கும் கட்டளை மேலாளரின் அமைவுக் கோப்புக்குள். ஸ்வேயில் இந்த மாறிகளின் தேவை செயலிக்குச் செயலி மாறும்.

எழுத்துரு வரியில் பாங்கோ முன்னொட்டோடு ஒரு சம அகல ஆங்கில எழுத்துருவும் அடுத்ததாக நோட்டோ சான்ஸ் தமிழோ லோகித் தமிழோ கொடுத்தால் போதும். பணியிடங்களுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம்: கணக்கு, எழுத்து, வலை. எண்ணை முன்னால் சேர்த்து வைத்தால் குறுக்குவிசை எளிது. அறிவிப்புகளுக்கு டன்ஸ்ட், செயலி தேட ரோஃபி. இரண்டும் பாங்கோவைக் கொண்டவை என்பதால் டிமெனுவின் இடத்தை ரோஃபிக்குக் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம்.

வட்டார அமைவை முழுமையாகத் தமிழாக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். நாள், கிழமை தமிழில் வரட்டும். பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் இருப்பதே தேடுவதற்கு வசதி. வரிசைப்படுத்தல் மட்டும் கட்டாயம் தமிழாக வேண்டும். யூனிகோடு அட்டவணை நகரத்துக்கு அடுத்து னகரத்தையும், ரகரத்துக்கு அடுத்து றகரத்தையும் வைத்திருக்கிறது. வெறும் குறியெண் வரிசையில் கூலியாட்கள் பட்டியலை அடுக்கினால் நெடுங்கணக்கு அறிந்த எவருக்கும் அது குழப்பமாகத் தெரியும்.

தேடலில் ஒரு பொறி இருக்கிறது. ‘சோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. கிரெப் கட்டளைக்கு இரண்டும் வேறு சொற்கள். வெளியிலிருந்து வரும் கோப்புகளை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

7. விட்டுப்போன வழி

இத்தனை ஒட்டுவேலைக்கும் தேவையில்லாத ஒரு குறிமுறை இருந்தது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடோடு சேர்த்து டேஸ்16 முறையையும் தரமாக அறிவித்தது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் உண்டு. சோழவந்தான் ஆறு எழுத்து, ஆறு குறியெண். எக்ஸ்எஃப்டி போன்ற எளிய வரைவி அதைக் கோக்காமலே வரைந்துவிடும். விகடகவியைத் திருப்பினாலும் சிதையாது. 2000 வரி டிடபிள்யூஎம்முக்கு அது கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். ஆனால் அதன் குறியெண்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால், அதற்கென்று அமைந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் பெட்டிகள்தான் தெரியும். தேடுபொறிகளுக்கும் அது அந்நியம். உலகத்தோடு பேச யூனிகோடு, கட்டத்துக்குள் கணக்கு வைக்க டேஸ்16 என்று இரண்டையும் வைத்துக்கொண்டு நடுவில் ஒரு மாற்றியை ஓட்டலாமா என்றால், கொள்கையளவில் முடியும். அந்த மாற்றியையும், டேஸ்16 குறியெண்களுக்கு அகலம் சொல்லும் அட்டவணையையும், சம அகல எழுத்துருவையும் எழுதிப் பராமரிக்கும் உழைப்பை ஹார்ஃப்பஸ்ஸை ஏற்கும் உழைப்போடு ஒப்பிட்டால், ஐ3இல் பாங்கோ என்று ஒரு சொல்லைச் சேர்ப்பது மிக மலிவு.