தோற்கும் அணி எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது? நியூ ஓர்லியன்ஸின் வீரர் தெரிவும் திருகோணமலையின் கூடைப்பந்தும்

திருகோணமலை நகரில் பாடசாலைக் கூடைப்பந்தாட்ட அணியொன்றுக்கு ஓய்வு நேரங்களில் உதவி செய்து வருகிறேன். எங்கள் பிள்ளைகள் அமெரிக்க என்.பி.ஏ. ஆட்டங்களைக் கைத்தொலைபேசியில் பார்ப்பவர்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்பதைவிட, ஒரு விடயத்தையே அவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அங்கே கடைசியில் வரும் அணிக்கு ஏன் முதலில் வீரரைத் தெரிவு செய்யும் உரிமை கொடுக்கிறார்கள்? இங்கே ஏன் அப்படி இல்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நியூ ஓர்லியன்ஸ் பெலிக்கன்ஸ் அணியை எடுத்துக்கொள்கிறேன். அண்மைக் காலத்தில் மிகவும் தடுமாறிய அணிகளில் அதுவும் ஒன்று. அந்த நகரத்துக்கும் எமது துறைமுக நகரத்துக்கும் இடையே பலரும் மறந்துவிட்ட ஓர் உறவும் இருக்கிறது.

லூசியானாவிலிருந்து வந்தவர்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் திருகோணமலை மறைமாவட்டப் பணிக்கு வந்த அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். கிழக்கின் கத்தோலிக்கப் பாடசாலைகளில் கற்பித்த அவர்கள் கூடைப்பந்தையும் வளர்த்தார்கள். லூசியானாவின் ஜெனிங்ஸ் என்ற ஊரில் 1923 இல் பிறந்த அருட்தந்தை யூஜின் ஜோன் ஹேபர்ட் அவர்களில் ஒருவர். 1948 இல் இலங்கை வந்த அவர் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் ஆசிரியராகவும் கூடைப்பந்துப் பயிற்றுநராகவும் இருந்தார். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி கூடைப்பந்துக்குப் பெயர் பெற்றதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு மோட்டார் வாகனத்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது அவரும் உடன் சென்ற பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞரும் காணாமற் போனார்கள். மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்து மற்றவர்களின் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தவர், தானே தேடப்படுபவர் ஆனார். இன்றுவரை இருவருக்கும் என்ன நடந்தது என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை.

அவரைப் போன்ற பயிற்றுநருக்குத் தெரிவுப் பட்டியல் எதுவும் இருக்கவில்லை. பாடசாலை வாசலுக்குள் வந்த பிள்ளைகளே அவருடைய வீரர்கள். வளர்ப்பது மட்டுமே அவருடைய கையில் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்க முறையைப் பார்ப்போம்.

'டிராப்ட்' என்றால் என்ன?

என்.பி.ஏ.யில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் பருவகாலம் முடிந்ததும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தெரிவு செய்யும். இதுவே 'டிராப்ட்'. 1947 இல் தொடங்கிய இந்த முறையில் இரண்டு சுற்றுகள் உண்டு. பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை என்பதுதான் அடிப்படை. பணமும் புகழும் உள்ள நகரமே எல்லா நல்ல வீரர்களையும் அள்ளிக்கொண்டால் போட்டி செத்துவிடும் என்பது அதன் நியாயம்.

ஆனால் கடைசி இடத்துக்கு முதற் தெரிவு நிச்சயம் என்றால் சில அணிகள் வேண்டுமென்றே தோற்கும். அதைத் தடுக்க 1985 இல் குலுக்கல் முறை வந்தது. 14 பந்துகளிலிருந்து நான்கை எடுக்கும்போது 1,001 சேர்க்கைகள் உருவாகும். அவற்றில் 1,000 சேர்க்கைகளை இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறாத 14 அணிகளுக்கும் பங்கிடுவார்கள். 2019 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி மிக மோசமான மூன்று அணிகளுக்கும் தலா 14 வீத வாய்ப்பே உண்டு. முதல் நான்கு இடங்கள் குலுக்கலில் முடிவாகும். மீதி இடங்கள் தோல்வி வரிசைப்படி போகும்.

எதிர்வரும் ஆண்டுகளின் தெரிவு உரிமையை இன்று மற்றோர் அணிக்குக் கொடுக்கலாம் என்பதும் முக்கியமானது. எமது மீனவர் வரப்போகும் பருவத்து மீனைக் காட்டி முற்பணம் வாங்குவதைப் போன்றது இது. சில அணிகள் 'முதல் நான்குக்குள் வந்தால் எமக்கே' என்று பாதுகாப்பு நிபந்தனை வைத்துக் கொடுக்கும். நிபந்தனை இல்லாமல் கொடுத்தால், அது முதலாம் இடமாக இருந்தாலும் போனது போனதுதான். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு முதற் சுற்று உரிமையே இல்லாத நிலைக்கு ஓர் அணி தன்னைக் கொண்டுபோக முடியாது என்ற விதியும் உண்டு. 1980 களில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளர் தெரிவு உரிமைகளைக் கண்டபடி விற்றதால் பிறந்த விதி அது. பைத்தியக்காரத்தனமான முதலாளியிடமிருந்து அணியின் அடுத்த தலைமுறையைக் காப்பதே அதன் நோக்கம்.

இடம்பெயர்ந்த அணி

நியூ ஓர்லியன்ஸுக்கு 2002 இல் சார்லட் நகரிலிருந்து ஓர் அணி வந்தது. அதன் பெயர் அப்போது ஹோர்னெட்ஸ். 2005 ஜூனில் கிறிஸ் போல் என்ற இளைஞரை நான்காவது தெரிவாக எடுத்தார்கள். இரண்டு மாதங்களில் கத்ரீனா சூறாவளி நகரத்தை நீரில் மூழ்கடித்தது. சுனாமி எம்மைத் தாக்கி எட்டு மாதங்களே ஆகியிருந்தன. அந்த அணியும் இடம்பெயர்ந்தது. இரண்டு பருவகாலம் தன் 'சொந்த மைதான' ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை ஒக்லஹோமா நகரில் ஆடியது. அங்கேதான் போல் ஆண்டின் சிறந்த புதுமுகமானார். ஊர் திரும்பிய பின்னர் 2007-08 இல் அணி 56 ஆட்டங்களை வென்றது.

அகதியாகப் போனாலும் இளம் வீரரைக் கைவிடாமல் வளர்த்ததால் வந்த வெற்றி அது.

இரண்டு முதற் தெரிவுகள், கிண்ணம் இல்லை

2012 இல் குலுக்கல் நியூ ஓர்லியன்ஸுக்கு முதலிடம் கொடுத்தது. அன்ரனி டேவிஸ் வந்தார். 2013 இல் அணி பெலிக்கன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. டேவிஸைச் சுற்றி நிலையான அணியைக் கட்ட முடியவில்லை. அவர் 2019 சனவரியில் தன்னை விடுவிக்குமாறு கேட்டார். லேக்கர்ஸ் அணிக்குப் போய் 2020 இல் கிண்ணத்தை வென்றார்.

2019 இல், 6 வீத வாய்ப்போடு இருந்த அதே அணிக்கு மீண்டும் முதலிடம் கிடைத்தது. சையன் வில்லியம்சன் வந்தார். அவருடைய திறமையில் எவருக்கும் சந்தேகமில்லை. உடல்தான் ஒத்துழைக்கவில்லை. முதற் பருவகாலத்தில் 24 ஆட்டங்கள், 2021-22 இல் ஓர் ஆட்டமும் இல்லை, 2024-25 இல் 30 ஆட்டங்கள்.

முதற் தெரிவு கிடைப்பது வேறு, அணி கட்டுவது வேறு. ஒருவரைத் தெரிவு செய்வது ஒரு மாலை வேலை. அவருக்குப் பொருத்தமான துணை வீரர்கள், மருத்துவம், பயிற்சி, பொறுமை என்பவை பத்து ஆண்டு வேலை.

2025: எதிர்காலத்தை அடகு வைத்த இரவு

2024-25 பருவகாலத்தை பெலிக்கன்ஸ் 21 வெற்றி, 61 தோல்விகளுடன் முடித்தது. அதைவிட மோசமாக ஆடிய அணிகள் மூன்றே. முதலிடத்துக்கு 12.5 வீத வாய்ப்பு இருந்தும் குலுக்கலில் ஏழாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. வெறும் 1.8 வீத வாய்ப்பு வைத்திருந்த டலஸ் முதலிடம் பெற்று கூப்பர் பிளாக்கை எடுத்தது.

அந்த ஏப்ரலில் அணியின் பொறுப்பை ஏற்றவர் லூசியானாவில் பிறந்த ஜோ டுமார்ஸ். வீரராக டெட்ரோயிட்டுக்கு 1989, 1990 ஆம் ஆண்டுகளில் கிண்ணம் வென்று கொடுத்தவர். நிர்வாகியாக 2004 இல் மீண்டும் வென்றார். அந்த அணியின் தூணான பென் வொலஸ் டிராப்ட்டில் எவராலும் தெரிவு செய்யப்படாத வீரர். அதே டுமார்ஸ் 2003 இல் இரண்டாவது தெரிவாக டார்கோ மிலிசிச்சை எடுத்தார். கார்மெலோ அன்ரனி, கிறிஸ் பொஷ், டுவைன் வேட் ஆகிய மூவரும் அவருக்குப் பின்னரே தெரிவானார்கள். ஒரே மனிதரின் கண் ஒருவரிடம் சரியாகவும் இன்னொருவரிடம் பிழையாகவும் பார்த்தது.

2025 ஜூனில் அவர் எடுத்த முடிவுகள் மூன்று. முதலாவது, தம்மிடம் இருந்த இந்தியானா அணியின் 2026 முதற் சுற்று உரிமையை இந்தியானாவுக்கே திருப்பிக் கொடுத்து, அந்த ஆண்டின் 23 ஆவது தெரிவைப் பெற்றார். இரண்டாவது, ஏழாவது தெரிவாக 18 வயது ஜெரமையா பியர்ஸை எடுத்தார். மூன்றாவதே பெரும் சர்ச்சையானது. 23 ஆவது தெரிவோடு 2026 ஆம் ஆண்டின் முதற் சுற்று உரிமையையும் அட்லாண்டாவுக்குக் கொடுத்து, 13 ஆவது இடத்தில் டெரிக் குயினை எடுத்தார். கொடுத்தது பெலிக்கன்ஸ், மில்வாக்கி ஆகிய இரு அணிகளின் உரிமைகளில் எது மேலானதோ அது. பாதுகாப்பு நிபந்தனை எதுவும் இல்லை.

குயின் திறமையான உயரமான வீரர். கேள்வி அவரைப் பற்றியதல்ல, விலையைப் பற்றியது. 61 ஆட்டங்கள் தோற்ற அணி அடுத்த ஆண்டும் தோற்கக்கூடும். அப்படித் தோற்றால் அந்தத் தோல்விக்குக் கிடைக்கும் ஒரே ஆறுதலையும் முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டது. 2025-26 இன் முதல் 12 ஆட்டங்களில் 2 வெற்றிகளே வந்தன. நவம்பரில் பயிற்றுநர் வில்லி கிறீன் நீக்கப்பட்டார். முதலாவது முடிவும் சில நாட்களில் வேறு தோற்றம் பெற்றது. இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் இந்தியானாவின் நட்சத்திரம் ஹலிபேர்ட்டனின் குதிகால் நரம்பு அறுந்தது. அவர் இல்லாத இந்தியானாவின் 2026 உரிமை ஒரே இரவில் விலை கூடிய பொருளாகியது.

டுமார்ஸ் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தெரிவு உரிமை என்பது வெறும் கடதாசி. கண்முன் நிற்கும், தான் நம்பும் ஒரு பிள்ளை அதைவிடப் பெரிது என்று அவர் நினைத்திருக்கலாம். அந்த நம்பிக்கை தவறல்ல. நிபந்தனை வைக்காமல் கொடுத்ததுதான் ஆபத்து.

அடைக்கலம் கொடுத்த நகரம் வென்ற கதை

கத்ரீனாவின் பின் நியூ ஓர்லியன்ஸ் அணிக்கு இடம் கொடுத்த ஒக்லஹோமா நகருக்கு 2008 இல் சொந்த அணி கிடைத்தது. அந்த அணி 2019 இல் தன் நட்சத்திரம் போல் ஜோர்ஜை விட்டுக்கொடுத்து, ஷேய் கில்ஜியஸ் அலெக்சாண்டர் என்ற இளம் வீரரையும் ஐந்து முதற் சுற்று உரிமைகளையும் வாங்கியது. அவற்றில் ஒன்றே 2022 இல் ஜெலன் வில்லியம்ஸாக வந்தது. 2021-22 இல் 24 வெற்றி, 58 தோல்வி. அவசரப்படவில்லை. 2024-25 இல் 68 வெற்றி, 14 தோல்வி, கூடவே கிண்ணம். விதைநெல்லைச் சமைக்காமல் காத்தவர்களின் அறுவடை இது.

எம்மிடம் நடப்பது தலைகீழான டிராப்ட்

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். இலங்கையிலும் தெரிவு நடக்கிறது. ஆனால் வரிசை தலைகீழ். வசதியுள்ள பெரிய பாடசாலைகள் முதலில் எடுக்கும். பின்தங்கிய மாவட்டம் கடைசியில் நிற்கும். எங்கள் அணியில் 14 வயதில் நன்றாக ஆடிய ஒரு மாணவனைக் கொழும்புப் பாடசாலையொன்று தங்குமிட வசதியுடன் அழைத்துக்கொண்டது. அவன் போனதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவனை வளர்த்த இடத்துக்கு ஒரு பந்துகூடத் திரும்பி வரவில்லை. என்.பி.ஏ.யில் ஒரு வீரரைக் கொடுக்கும் அணி பதிலுக்கு ஏதாவது வாங்கும். நாம் சும்மா கொடுக்கிறோம்.

பாடசாலை முடிந்த பிறகு நிலைமை இன்னும் கடினம். தேசிய மட்டத்தில் முப்படை அணிகள் வலுவானவை. அங்கே விளையாட்டோடு சம்பளமும் உண்டு. கடற்படைத் தளத்தின் மதிலோரம் வளர்ந்த எமது இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கதவு மனத்தளவில் திறந்திருக்கிறது என்பதை இந்த வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எஞ்சுவது வெளிநாட்டுப் பயணம்.

இதற்கு முன்னர் இழந்தவர்களும் இருக்கிறார்கள். 2006 சனவரி 2 அன்று எமது கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களுக்கு எந்தக் குலுக்கலிலும் ஈடு கிடையாது. ஒரு சமூகம் தன் தெரிவு உரிமைகளை விற்காமலே இழக்க முடியும் என்பதை நாம் அறிவோம்.

எமது மண்ணுக்கு அருகே ஒரு நல்ல உதாரணமும் உண்டு. 2020 இல் லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி, யாழ். மத்திய கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்தைச் சேர்த்துக்கொண்டது. 19 ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள் களமிறங்கிய அவர் அஞ்சலோ மத்யூஸின் விக்கெட்டை வீழ்த்தினார். 2024 இல் ஐ.பி.எல். வரை போனார். ஓர் அணி தன் பட்டியலில் உள்ளூர்ப் பிள்ளைக்கு ஓர் இடம் வைத்ததால் திறந்த கதவு அது.

செய்யக்கூடியவை

டிராப்ட் முறையை இங்கே கொண்டுவர எம்மால் முடியாது. அதன் நியாயத்தைக் கொண்டுவரலாம்.

ஒன்று, திருகோணமலை, மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் என மாவட்டம் முழுவதும் 12, 13 வயதுப் பிள்ளைகளைப் பார்க்கும் பொதுவான தெரிவு நாள் ஒன்று வேண்டும். எந்தப் பாடசாலை என்பது இரண்டாவது விடயம். பெண் பிள்ளைகளுக்கும் அதே நாள், அதே அரங்கு.

இரண்டு, இன்றைய வெற்றிக்காக இறுதி வகுப்பு மாணவர்களை மட்டுமே ஆடவிடும் பழக்கத்தை விடவேண்டும். பன்னிருவர் பட்டியலில் நான்கு இடங்களை 15 வயதுக்குட்பட்டோருக்கு ஒதுக்கினால் இரண்டு ஆண்டு தோற்போம். மூன்றாம் ஆண்டு அணி இருக்கும்.

மூன்று, வெளியூருக்குப் போகும் பிள்ளையைத் தடுக்கவேண்டாம். விடுமுறையில் வந்து இளையவர்களுக்குப் பயிற்சி கொடுப்பான் என்ற வாக்கையாவது கேட்டுப் பெறவேண்டும். அதுவே எமது பாதுகாப்பு நிபந்தனை. புலம்பெயர்ந்த பழைய மாணவர்களும் ஒரு நாள் போட்டிக்குக் கிண்ணம் அனுப்புவதைவிட, ஒரு பயிற்றுநருக்கு ஐந்து ஆண்டு கொடுப்பனவு அனுப்பினால் பயன் அதிகம்.

நியூ ஓர்லியன்ஸுக்கு இரண்டு தடவை முதலிடம் கிடைத்தது. எமக்கு ஒரு தடவையும் கிடைக்கப்போவதில்லை. ஹேபர்ட் அடிகளுக்கும் அது கிடைக்கவில்லை. வந்த பிள்ளைகளை வைத்தே அவர் அணி கட்டினார். நாமும் அதைத்தான் செய்யவேண்டியிருக்கிறது.