சோறு, ஊழியம், டோல்: ஆரியசாலைப் பக்கத்து பழைய கணக்கு ஒன்று

ஆஸ்திரேலியாவுக்கு வந்து சில வருடம் ஆன தமிழர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் வீட்டு விலை, அப்புறம் பிள்ளைகளின் படிப்பு, கடைசியில் டோல். "நாம மாங்கு மாங்குன்னு வேலை பார்த்து வரி கட்டுறோம். அவன் சும்மா உட்கார்ந்து வாங்குறான். வேலை செஞ்சாத்தான் காசுன்னு சொன்னா என்ன தப்பு?" இதைக் கேட்காத ஆள் இங்கே இருக்க முடியாது. சொல்லாத ஆளும் குறைவுதான் :-)

கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதைச் சிரித்து ஒதுக்கிவிட நான் வரவில்லை. ஆனால் இது புதுக் கேள்வியும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் இருநூறு வருடமாக இதை எல்லா விதமாகவும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வேலை இல்லாமல் சோறு, சோறு இல்லாமல் வேலை, வேலைக்குச் சோறு, சோற்றுக்குப் பரீட்சையாக வேலை என்று எல்லாமே நடந்திருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு சண்டை போட்டால் சண்டைக்கு ஒரு மரியாதை இருக்கும்.

எங்கள் ஊர் என்றால் திருவனந்தபுரம் ஆரியசாலை. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிப் போகும் சாலைக் கடைவீதியை ஒட்டிய இடம். மளிகை, பாத்திரம், வெற்றிலை என்று எல்லா வியாபாரத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் கேட்கும் தெருக்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சாமிகள் புறப்பட்டு வரும்போது வேளிமலைக் குமாரசுவாமி வந்து தங்குவது ஆரியசாலை தேவி கோயிலில்தான். ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' படித்தவர்களுக்கு, காசு கேட்காமல் சோறு போட்ட சாலைத்தெரு கெத்தேல் சாகிப் ஞாபகத்துக்கு வந்திருப்பார். ஆனால் இங்கே நான் சொல்லப்போவது தனி மனிதர் போட்ட சோறு அல்ல, அரசாங்கம் போட்ட சோறு.

ஊட்டுப்புரையும் ஊழியமும்

ஆரியசாலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பத்மநாபசுவாமி கோயில். திருவிதாங்கூர் ராஜ்ஜியமே அந்தச் சாமிக்குச் சொந்தம், ராஜா அவருடைய தாசன் என்பது மார்த்தாண்டவர்மா 1750இல் செய்த ஏற்பாடு. அந்த ராஜ்ஜியத்துக்குத் தர்மபூமி என்று பெயர். தர்மம் எப்படி நடந்தது? பெரிய கோயில்களை ஒட்டியும் வழிநெடுகவும் ஊட்டுப்புரைகள் இருந்தன. பிராமணர்களுக்கு அங்கே இலவசச் சாப்பாடு. செலவு அரசாங்கத்துடையது. பாண்டிநாட்டிலிருந்து மலை தாண்டி வந்த தமிழ்ப் பிராமணர்களும் சாப்பிட்டார்கள். இது போக ஆறு வருடத்துக்கு ஒரு முறை 56 நாள் முறைஜபம், அதற்குத் தனிச் சாப்பாடு.

சாப்பிட வந்தவரிடம் "நீ என்ன வேலை செய்தாய்?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஜபமும் வேதமும் ராஜ்ஜியத்தின் நலனுக்காகச் செய்கிற பணிதானே என்று பதில் வந்திருக்கும். அன்றைய நம்பிக்கைப்படி அது சரியான பதில்தான். இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எது வேலை, எது சும்மா இருப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு இந்தக் கணக்கில் பாதி ஜெயம்.

அந்தச் சோறு எங்கிருந்து வந்தது? நிலவரியிலிருந்து மட்டுமல்ல. விருத்தி என்று ஒரு முறை இருந்தது. அரசாங்கத்திடமிருந்து நிலம் பெற்றவர்கள் அதற்குப் பதிலாகக் கோயிலுக்கும் ஊட்டுப்புரைக்கும் சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்கும் காய்கறி, இலை, விறகு எல்லாம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். விலையை அரசாங்கமே வைக்கும், சந்தை விலையை விடக் குறைவாக. இதற்கும் கீழே ஊழியம். நாடார், ஈழவர், அதற்கும் கீழே வைக்கப்பட்ட சாதியினர் கூலி இல்லாமல் சுமக்க வேண்டும், வெட்ட வேண்டும், காவல் நிற்க வேண்டும். தாங்கள் சுமந்த சோற்றில் அவர்களுக்குப் பங்கு கிடையாது, அது வேகும் இடத்துக்குப் பக்கத்தில் போகவும் முடியாது.

இதை எதிர்த்துப் பேசியவர்களில் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் மறக்க முடியாதவர் அய்யா வைகுண்டர் (1809-1851). அவரை 1838இல் கைது செய்து திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து சிங்காரத்தோப்பில் அடைத்தார்கள். சாமுவேல் மட்டீர் என்ற மிஷனரி 1871இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குத் 'தர்மபூமி' என்ற பொருள் வரும்படித்தான் தலைப்பு வைத்தார். அந்தத் தர்மத்துக்கு வெளியே நின்றவர்களைப் பற்றி அதிலே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

ஆக ஒரே ராஜ்ஜியத்தில் ஒரே காலத்தில் ஒருவருக்கு வேலை கேட்காமல் சோறு, இன்னொருவருக்குச் சோறு கொடுக்காமல் வேலை. யார் சோம்பேறி, யார் உழைப்பாளி என்பதா பிரித்தது? பிறப்பு பிரித்தது.

பஞ்சத்தில் வைத்த பரீட்சை

சரி, அது ராஜா காலம். நவீன அரசாங்கம் நியாயமாக நடந்ததா? மலைக்கு இந்தப் பக்கம் சென்னை மாகாணத்துக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். பஞ்ச நிவாரண வேலைகள் தொடங்கினார்கள். மண் வெட்டு, கல் உடை, கூலி வாங்கிக்கொள். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான்.

1877 தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்தார். 1874இல் பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவு செய்தார் என்று திட்டு வாங்கியிருந்த மனிதர். இந்த முறை கையை இறுக்கினார். கடினமாக உழைக்கிற ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஓரணா. இந்த அளவில் உழைக்கிற உடம்பு தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் விடாமல் சண்டை போட்டார். சில மாதங்களில் சென்னை அரசாங்கம் கூலியை உயர்த்தியது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பஞ்சத்தில் மொத்தமாக இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

டெம்பிள் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் தலையில் இருந்தது இங்கிலாந்தின் 1834ஆம் வருட ஏழைகள் சட்டம். உதவி வாங்குகிறவனின் நிலைமை, சொந்தக் காலில் நிற்கும் கடைசிக் கூலிக்காரனின் நிலைமையை விட மோசமாக இருக்க வேண்டும், அப்போதுதான் உண்மையிலேயே வழியில்லாதவன் மட்டும் வருவான் என்பது அதன் தத்துவம். அந்த முகாம்களில் வேலையின் முதல் நோக்கம் கால்வாய் அல்ல. கூட்டத்தை வடிகட்டுவதுதான். 1880இல் அறிக்கை கொடுத்த பஞ்ச கமிஷனும் உடல் வலு உள்ளவனுக்கு வேலை என்பதைக் கைவிடவில்லை. ஆனால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு வேலை கேட்காமல் உதவ வேண்டும் என்று சேர்த்தே சொன்னது. அந்த அளவுக்குப் பாடம் படித்தார்கள்.

பரீட்சை உரிமையானது

அதே மண்வெட்டி, அதே கூடை. ஆனால் நூறு வருடம் கழித்து மகாராஷ்டிராவில் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். 1972-73 வறட்சிக்குப் பிறகு 1977இல் வேலை உறுதிச் சட்டம் போட்டார்கள். வேலை கேட்பவனுக்கு வேலை கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. அதற்கான பணத்தில் ஒரு பகுதி நகரத்துச் சம்பளக்காரர்களின் தொழில்வரியிலிருந்து வந்தது. பம்பாயில் சம்பளம் வாங்கியவர் கட்டிய வரி மராத்வாடாவில் கூலியாகப் போனது. வரி கட்டுகிற நமக்கு இது கவனிக்க வேண்டிய விஷயம்.

அந்த வழியில் வந்ததுதான் 2005ஆம் வருடத் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், நம் கிராமங்களில் 'நூறு நாள் வேலை'. கேட்ட 15 நாளுக்குள் வேலை கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்தது. வேலை செய்ய வேண்டிய கடமை ஒரு பக்கம், வேலை கொடுக்க வேண்டிய கடமை மறுபக்கம். கேரளாவில் இந்த வேலைக்குப் போனவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பெண்கள். 2010இல் கேரள அரசு இதையே நகரங்களுக்கும் கொண்டுவந்து அய்யன்காளியின் பெயரை வைத்தது. அய்யன்காளி (1863-1941) யார்? புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடத்தியவர். வேலை செய்ய மறுத்தவரின் பெயரில் வேலை உறுதித் திட்டம்! எனக்கு இது மிகச் சரியாகவே படுகிறது. மறுக்க முடிகிற வேலைக்குத்தான் கூலி என்று பெயர், மறுக்க முடியாததற்கு ஊழியம் என்று பெயர்.

2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டம் நிறைவேறியது. நாள் கணக்கு 125 ஆனது. கூடவே, விவசாய வேலை மும்முரமாக இருக்கும் காலத்தில் 60 நாள் வரை இந்த வேலையை நிறுத்திவைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். நிலம் வைத்திருப்பவருக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காக. யாருடைய தேவைக்கு யார் வளைய வேண்டும் என்ற பழைய கேள்வி இதிலும் எட்டிப் பார்க்கிறது.

"எங்க ஊர் நோக்குக்கூலியை மட்டும் ஏன் விட்டுட்டே?" என்று திருவனந்தபுரத்துக்காரர்கள் கேட்பீர்கள். விடவில்லை. சுமை இறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி கேட்பது அநியாயம்தான். கேரள அரசே 2018 மே 1 முதல் அதைத் தடை செய்தது. வேலை செய்யாமல் காசு என்பதில் கெடுதல் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது பலம் உள்ளவன் வாங்கிய காசு. 1982இல் தொடங்கிய கேரளத்தின் வேலையில்லாதோர் உதவித்தொகையோ மாதம் 120 ரூபாய் என்ற அளவிலேயே நின்றது. அதை வைத்துக்கொண்டு சோம்பேறியாக வாழ்ந்து காட்டுவது பெரிய சாமர்த்தியம்.

இங்கே என்ன நடந்தது?

இப்போது இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 'டோலுக்கு வேலை' திட்டத்தை ஹோவர்ட் அரசு 1997இல் கொண்டுவந்தது. 'பரஸ்பரக் கடமை' என்பது கோஷம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2015 முதல் தொலைதூரப் பகுதிகளுக்குத் தனித் திட்டம் ஒன்று வந்தது. அங்கே உதவித்தொகை வாங்குகிறவர்கள் வாரம் 25 மணி நேரம், ஏறக்குறைய வருடம் முழுக்க வேலைக்கு வர வேண்டும். நகரத்தில் இருப்பவருக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. தொலைதூரப் பகுதியில் அந்த விதிக்குள் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பழங்குடி மக்கள். வராவிட்டால் பணத்தை வெட்டினார்கள், அபராதங்கள் குவிந்தன. கட்டாயத்தை 2021இல்தான் எடுத்தார்கள். ஒரே நாடு, ஒரே உதவித்தொகை, இரண்டு விதக் கடமை. ஊட்டுப்புரை ஊர்க்காரனான எனக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு: ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 2018இல் ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கு வேலை நிபந்தனை வைத்தார்கள். சில மாதங்களில் சுமார் 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. வேலையில் இருந்தும் அதை மாதாமாதம் கணினியில் பதிய முடியாமல் போனவர்கள் பலர். வடிகட்டியில் சிக்கியவர்கள் சோம்பேறிகள் அல்ல, படிவம் நிரப்பத் தெரியாதவர்கள்.

அப்படியென்றால் வேலை கேட்கவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. உழைத்துச் சாப்பிடுவதில் ஒரு கௌரவம் இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்க்கிறோம். ஆனால் அரசாங்கம் வேலை கேட்டால் மூன்று காரியங்கள் செய்தாக வேண்டும். எல்லோரிடமும் ஒரே அளவில் கேட்க வேண்டும். செய்த வேலைக்கு அந்த வேலையின் கூலியைக் கொடுக்க வேண்டும், சலுகைக் காசு அல்ல. தன்னால் வேலை கொடுக்க முடியாதபோதும், அவனால் செய்ய முடியாதபோதும் சோறு போட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதற்கு எங்கள் ஊரில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது.

இதில் நாம் வெறும் வேடிக்கை பார்ப்பவர்களும் இல்லை. 2019 முதல் இங்கே புதிதாக நிரந்தரக் குடியுரிமை வாங்கி வருகிறவர் வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்க நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த நான்கு வருடமும் வரி மட்டும் உண்டு. இடையில் கம்பெனி ஆட்குறைப்பு செய்தால் சென்டர்லிங்க் வரிசையில்கூட நமக்கு இடமில்லை. அந்த நாளில் நம்மைப் பார்த்து ஒருவர் "சும்மா இருக்கிறான்" என்று சொன்னால் எவ்வளவு வலிக்கும் என்று யோசித்துக்கொண்டு, அடுத்த விருந்தில் டோல் பேச்சைத் தொடங்குங்கள். பேசக் கூடாது என்றில்லை. இலை போட்டவன் யார், சுமந்தவன் யார் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.